பினாங்குக் கடைவீதியும் பட்டினப்பாலை தரும் அளவுகோலும்

பயணம் முடித்து மீள்வோர் வெறுங்கையினராய் இல்லம் புகுதல் தமிழர் வழக்கன்று. பழனிக்குச் சென்றவர் பஞ்சாமிர்தமும், திருப்பதிக்குச் சென்றவர் இலட்டும், காசிக்குச் சென்றவர் கங்கை நீரும் கொணர்வர். அவற்றைப் பெறும் அண்டை வீட்டார் விலையை எண்ணிப் பார்ப்பதில்லை. சென்றவர் கண்ட ஊரின் ஒரு கூறு தம் வீட்டுக்குள்ளும் வந்ததென்றே மகிழ்வர். பொருளும் ஊர்ப்பெயரும் பிரியாது நிற்பதே அம்மகிழ்ச்சிக்குக் காரணம். இக்காலச் சுற்றுலா நகரங்களில் விற்கப்பெறும் நினைவுப் பொருள்களில் இப்பிணைப்பு எவ்வளவு நிலைத்துள்ளது என்பது ஆராயத்தக்கது. அவ்வாராய்ச்சிக்குப் பினாங்கின் தலைநகராகிய ஜார்ஜ் டவுன் தக்க களமாகும்.

துறைமுகத்தின் இயல்பு

மலாய் மொழியில் ‘பினாங்’ என்பது பாக்கைக் குறிக்கும். பாக்கு மரத்தால் பெயர்பெற்ற அத்தீவு கெடா சுல்தானுக்கு உரியதாயிருந்தது. 1786-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் அங்கே ஆங்கிலக் கொடியை ஏற்றினார். சுங்கவரியற்ற துறைமுகமாக நெடுங்காலம் விளங்கிய அந்நகர் 1969-இல் அவ்வுரிமையை இழந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து துணிப்பொதிகளோடு வந்த தமிழ் முஸ்லிம் வணிகர், வட்டித்தொழில் நடத்திய நகரத்தார், சீனர், அச்சேயர், ஆர்மீனியர் எனப் பலரும் அங்குக் கூடினர். சூலியா தெரு, அச்சே தெரு, ஆர்மீனியன் தெரு என்னும் பெயர்கள் அக்கூட்டுறவுக்கு இன்றும் சான்று கூறுகின்றன. 2008-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

இத்தகைய நகரின் கடைகளில் அத்தீவிலேயே விளைந்தனவும் செய்தனவும் மட்டுமே இருத்தல் வேண்டும் என எதிர்பார்ப்பது அதன் வரலாற்றை மறப்பதாகும். பிற நிலத்துப் பண்டங்கள் வந்து கூடுவதே துறைமுகத்தின் சிறப்பு. எனவே, ‘இஃது உள்ளூர்ப் பொருளா, அயலூர்ப் பொருளா?’ என்னும் வினா ஒன்றே இங்கு அளவுகோல் ஆகாது. வேறோர் அளவுகோல் தேவைப்படுகிறது. அது தமிழிலேயே உள்ளது.

பழைய அளவுகோல்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்த பண்டங்களை வரிசைப்படுத்துகிறது. கடல்வழி வந்த குதிரை, நிலவழி வந்த மிளகு, வடமலைப் பொன்னும் மணியும், மேற்குமலைச் சந்தனமும் அகிலும், தென்கடல் முத்து, கீழ்க்கடல் பவளம், கங்கையின் செல்வம், காவிரியின் பயன், ஈழத்து உணவு, காழகத்துப் பொருள் என அவ்வரிசை நீளும். காழகம் என்பதற்குக் கடாரம் என்று உரை வகுத்தார் நச்சினார்க்கினியர். கடாரம் இன்றைய கெடா என்பது அறிஞர் பலரின் முடிபு. அவ்வாறாயின், பினாங்குத் தீவை ஒருகாலத்தில் தன்னகத்தே கொண்டிருந்த நாட்டின் பண்டம் அன்றே தமிழர் தெருவில் விற்பனைக்கு வந்திருக்கிறது.

இவ்வரிசையில் கருதத்தக்கது ஒன்றுண்டு. பெரும்பாலான பண்டங்கள் தாம் பிறந்த இடத்தின் பெயரைத் தாங்கியே வருகின்றன. அயலிலிருந்து வந்ததைப் புலவர் மறைக்கவில்லை. அதையே நகரின் பெருமையாக உயர்த்திப் பாடுகிறார். பொதிகளின் மேல் சோழரின் புலிப்பொறி இடப்பட்டதையும், கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைத்துக் கொடாமலும் வணிகர் வாழ்ந்ததையும் அந்நூலே கூறுகிறது. சிலப்பதிகாரமோ எழுத்துக் குறியிட்ட பொதிகளைக் காட்டுவதுடன், மருவூர்ப்பாக்கத்தில் நெய்வோர், தச்சர், கொல்லர், பொற்கொல்லர், மண்ணுருச் செய்வோர் ஆகியோரையும் நிரல்படக் காட்டுகிறது. பண்டத்தோடு அதைச் செய்த கையும் கண்ணுக்குத் தெரிகிறது.

ஆக, பண்டைய நூல்கள் தரும் அளவுகோல் இருபகுதி உடையது: பொருள் தன் ஊரை மறைத்தல் ஆகாது; தன்னைச் செய்த கையையும் மறைத்தல் ஆகாது.

அளந்து காணல்

இவ்வளவுகோலைக் கொண்டு ஜார்ஜ் டவுன் கடைகளை நோக்கலாம். ஆர்மீனியன் தெருவில் காந்த வில்லைகளும் சாவி வளையங்களும் பனியன்களும் தொங்குகின்றன. மிதிவண்டியில் செல்லும் இரு சிறாரின் ஓவியம் அவற்றுள் பலவற்றில் பதிந்திருக்கும். 2012-இல் லித்துவேனியா நாட்டு ஓவியர் எர்னெஸ்ட் சக்காரெவிச் அத்தெருச் சுவரில் தீட்டிய ஓவியம் அது. சுவரில் உண்மையான பழைய மிதிவண்டியொன்றைப் பொருத்தி, அதன்மேல் சிறாரை வரைந்தமையே அதன் அழகு. நேரில் காண்போர் மிதிவண்டி எங்கே முடிகிறது, ஓவியம் எங்கே தொடங்குகிறது என வியப்பர். காந்த வில்லையில் அவ்வியப்புக்கு இடமில்லை. மிதிவண்டியும் அங்கே அச்சு மையாகிவிடுகிறது. ஓவியர் பெயரும் இல்லையாயின் அளவுகோலின் இரண்டாம் பகுதியும் தவறிவிடுகிறது.

துணிக்கடைகளில் ‘பாத்திக்’ என விற்கப்பெறுவனவற்றில் இருவகை உண்டு. உருக்கிய மெழுகால் கோலமிட்டு, மெழுகு படாத இடத்தில் மட்டும் சாயம் ஏறச் செய்வது மெய்யான பாத்திக். அச்சாயம் துணியை ஊடுருவுவதால் முன்புறமும் பின்புறமும் ஏறத்தாழ ஒரே பொலிவுடன் விளங்கும். இயந்திரத்தில் அச்சிட்ட போலியின் பின்புறம் வெளிறியிருக்கும். மலேசியாவில் இக்கலை பெரிதும் கிளந்தான், திரங்கானு மாநிலங்களில் செழித்தது. பினாங்குக் கடைக்காரர், ‘இது கிளந்தானில் மெழுகிட்டுச் சாயம் தோய்த்தது’ எனக் கூறி விற்பாராயின் அதில் குறையொன்றுமில்லை. அச்சுத் துணியைக் கைவினை எனக் கூறி விற்பதே குற்றம்.

ஈயவெள்ளிக் கலங்களும் அவ்வாறே. கோலாலம்பூரில் 1885-இல் தொடங்கிய ராயல் சிலாங்கூர் நிறுவனத்தின் வெள்ளீயக் கலவைக் கலங்கள் பினாங்கிலும் விற்கப்படுகின்றன. அவை தம் பெயரிலேயே சிலாங்கூரைச் சுமந்து நிற்கின்றன. அயலூர்ப் பொருளாயினும் அளவுகோலுக்கு அவை உடன்பட்டனவே.

தமிழ் மாணவர் சிறப்பாக அறியத்தக்கது மலாய்க்காரரும் தமிழ் முஸ்லிம்களும் உடுக்கும் கட்டம் போட்ட கைலி. மலாய் மொழியில் அதனைக் ‘காயின் பெலிக்காட்’ என்பர். பெலிக்காட் என்பது பழவேற்காட்டின் பெயர்த் திரிபு. அத்துறையிலிருந்து கப்பலேறிய துணி, கடல்கடந்து பலநூறு ஆண்டுகள் ஆகியும் தன் ஊர்ப்பெயரை இழக்கவில்லை. பட்டினப்பாலையின் நெறி ஒரு மலாய்ச் சொல்லுக்குள் இன்றும் வாழ்கிறது எனலாம்.

தீவுக்கே உரியனவும் உள்ளன. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியார் மொலுக்கசுத் தீவுகளிலிருந்து சாதிக்காய்க் கன்றுகளைக் கொணர்ந்து பினாங்கில் நடச் செய்தனர். இன்றும் பாலிக் புலாவ் பகுதியில் அம்மரங்கள் காய்க்கின்றன. கொட்டையும் அதனைச் சூழ்ந்த சாதிபத்திரியும் நறுமணப் பொருளாகும். சதைப்பகுதியை உப்பிலும் சர்க்கரையிலும் ஊறவைத்துச் சௌரஸ்தா சந்தையில் விற்பர். வந்தேறிய மரமே எனினும், அத்தீவின் மண்ணில் வேரூன்றித் தீவின் பெயரையே தனக்கு முகவரியாக்கிக் கொண்டது.

மறையும் கைகள்

கைவினைகளின் நிலையோ கவலைக்குரியது. சொங்கோக் என்னும் தொப்பியை வாங்குவோர் மேலே மின்னும் வெல்வெட்டையே காண்பர். உள்ளே விறைப்புக்காக வைக்கப்படும் தாளடுக்கும், பட்டுப் போன்ற உள்துணியும், தலையளவுக்கு ஏற்பத் தைக்கும் திறனும் கண்ணுக்குத் தெரிவதில்லை. தமிழ் முஸ்லிம் கைவினைஞரும் இத்தொழிலில் பெயர் பெற்றவர்கள். நோஞ்ஞா மகளிரின் மணிக்காலணிக்கு நுண்மணிகளை ஒவ்வொன்றாகக் கோத்துத் தைக்க வேண்டும். ஓரிணை முடியப் பல வாரங்கள் ஆகும். பிரம்பு முடைதல், ஊதுவத்தி உருட்டல், பெயர்ப்பலகை செதுக்கல் ஆகியனவும் இத்தகையனவே.

இவர்களைக் காத்து நின்றது குறைந்த வாடகை. வாடகைக் கட்டுப்பாடு 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு நீங்கியது. பின்னர் உலக மரபுச் சின்னம் என்னும் புகழும் சேர்ந்தது. வீடுகளின் மதிப்பு உயர்ந்தது. தங்கும் விடுதிகளும் சிற்றுண்டிச் சாலைகளும் பெருகின. எந்தத் தொழில்களின் பழமைக்காக நகர் புகழப்பட்டதோ அத்தொழில்கள் அப்புகழாலேயே இடமிழக்கும் முரண் இது. ஓரிணைக் காலணியைப் பல வாரம் தைப்பவர், ஒருநாளில் நூறு வில்லைகள் விற்கும் கடையோடு வாடகையில் போட்டியிட இயலுமா?

‘குறைந்த பணத்தோடு வரும் பயணி மணிக்காலணி வாங்க இயலாதே’ என்னும் மறுப்பு எழலாம். அது நேரிய மறுப்பே. காந்த வில்லை விற்போரும் பிழைப்புக்காகவே விற்கின்றனர். ஆயின் இங்குக் கோரப்படுவது பெருஞ்செலவன்று, வினாவே. ‘இதைச் செய்தவர் யார்? எங்கே செய்தார்? எதனால் செய்தார்?’ என்னும் மூன்று வினாக்களுக்குக் காசில்லை. ஒரு பொட்டலம் சாதிக்காயும், பாசிப்பயற்றுப் பூரணம் வைத்துச் சுட்ட சீனப் பிஸ்கட்டும் இம்மூன்றற்கும் விடை கூறிவிடும். விலை மிக்க அச்சுத் துணி கூறாது.

கட்டுரையும் கடையும்

குறை வணிகரிடம் மட்டும் இல்லை, எழுத்திலும் உண்டு. பயணக் கட்டுரைகள் பலவற்றில் கடைவீதி ஒரு பட்டியலாகவே முடிகிறது. ‘அழகிய பொருள்களை மலிவாக வாங்கினோம்’ என்னும் தொடர் பினாங்கிற்கும் பொருந்தும். வேறெந்தக் கடற்கரை நகருக்கும் பொருந்தும். எவ்வூருக்கும் பொருந்தும் தொடர் எவ்வூரையும் காட்டாது. அது மொழியால் ஆன காந்த வில்லை. பள்ளிகளில் சுற்றுலாக் கட்டுரை எழுதும் மாணவரும் இத்தொடரையே வழிவழியாகப் பெற்று எழுதுகின்றனர். பட்டினப்பாலையை மனப்பாடப் பகுதியாக ஒப்பிக்கும் மாணவன், அதன் பண்டப் பட்டியல் ஏன் இன்றும் சுவைக்கிறது என உணர்வானாயின் தன் கட்டுரையைத் திருத்திக்கொள்வான். அப்பட்டியலில் ‘அழகிய பொருள்கள்’ என்னும் பொதுச்சொல் இல்லை. மிளகு உண்டு, முத்து உண்டு, அவை வந்த மலையும் கடலும் உண்டு.

கற்பிப்போர் செய்யத்தக்கது எளிது. மாணவர் வாங்கிவந்த பொருளொன்றை மேசைமேல் வைத்து, அதன் ஊரையும் செய்பொருளையும் செய்த முறையையும் பத்து வரிகளில் எழுதச் செய்யலாம். எழுத இயலாத பொருள் எது என்பதை அவர்களே கண்டுகொள்வர். அடுத்த பயணத்தில் கடைக்காரரிடம் வினவுவர். வினவுவோர் பெருகினால் விடை கூறவல்ல பொருளுக்கு விலை உண்டாகும். விலை உண்டாயின் அதைச் செய்யும் கைகளும் அந்நகரில் நிலைக்கும்.