முதல் நிமிடத்துக்குப் பழகிய கை

ஓசூரிலிருந்து இராயக்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது உத்தனப்பள்ளி. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் ஊர். டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலை வந்த பிறகு இந்தியும் காதில் விழுகிறது. எந்த மொழிக்காரரானாலும் பிரசவ அறை வாசலில் நிற்பவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: “குழந்தை அழுததா?”

பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய 10 விழுக்காட்டுக்கு மூச்சைத் தொடங்க உதவி வேண்டும். பலவற்றுக்கு ஈரம் துடைத்து முதுகைத் தேய்த்துவிட்டாலே போதும். மற்றவற்றுக்கு முதல் நிமிடத்துக்குள் முகமூடி பொருத்திய ஆம்பு பேக் என்னும் கைப்பையால் காற்றுக் கொடுக்க வேண்டும். 108 ஆம்புலன்ஸ் எவ்வளவு விரைந்தாலும் அந்த நிமிடத்துக்குள் வந்து சேராது. பக்கத்தில் நிற்பவரின் கைதான் கதி. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அங்கே படிப்பவர்கள் நாளை இந்த வட்டாரத்து லேபர் வார்டுகளில் நிற்கக்கூடியவர்கள். அவர்களுடைய கைக்கு என்ன கற்றுத்தருகிறோம்?

2019-இல் வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம், உயிர்மீட்பைப் பொம்மையில் செய்து பழக வேண்டிய திறனாகவே வைத்தது. இதை மனமார வரவேற்கிறேன். முதல் தவறு ரப்பர் பொம்மையில் நடந்து முடியட்டும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இதயம் முதலில் நிற்கிறது. குழந்தைக்கு மூச்சு முதலில் தவறி, பிறகே இதயம் தளர்கிறது. அதனால் மார்பை மட்டும் அழுத்தும் முறை குழந்தைக்குப் போதாது. பிறந்த குழந்தைக்கு 3 அழுத்தத்துக்கு 1 மூச்சு. வளர்ந்த குழந்தைக்கு இருவர் சேர்ந்து செய்தால் 15-க்கு 2. இந்த வேறுபாட்டை வகுப்பில் கேட்டவர் மறந்துவிடுவார். கையால் செய்தவருக்கு நினைவிருக்கும்.

கொஞ்ச காலத்துக்குத்தான். என் மனக்குறை அங்கேதான் தொடங்குகிறது. பழகாத கை சில மாதங்களிலேயே தடுமாறத் தொடங்குகிறது. உள்ளிருப்புப் பயிற்சியில் குழந்தை மருத்துவத்துக்கு ஒதுக்கியிருப்பது 3 வாரம். தேர்விலோ படிகளை வரிசை பிசகாமல் ஒப்பித்தால் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. மாணவருக்கு ஆசையெல்லாம் மூச்சுக்குழாயில் குழல் செருகுவதில். உயிரைக் காப்பாற்றுவதோ பார்வைக்கு எளிய வேலை: முகமூடியை விளிம்பில் காற்றுக் கசியாமல் பொருத்தி, நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை பையை அமுக்கி, மார்பு எழுகிறதா என்று பார்ப்பது. பிறந்த குழந்தையின் முகம் வழுக்கும். பொம்மையின் முகம் வழுக்காது. பயிற்சி அறையில் தாயின் குரலும் இருக்காது.

எல்லைக்கு அப்பால், கர்நாடகத்தின் பெலகாவி பகுதியில் பிரசவம் பார்ப்பவர்களுக்கு இப்பயிற்சி அளித்து, விளைவை 2013-இல் வெளியிட்டார்கள். இறந்து பிறந்ததாகப் பதிவான குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது. அப்படியானால் முன்பு இறந்தே பிறந்தவை என்று எழுதப்பட்டவற்றில் சில, ஒரு மூச்சுக்காகக் காத்திருந்தவை. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஆனால் பிறந்த முதல் மாதத்து இறப்பு அங்கே குறையவில்லை. குறைமாதமும் கிருமித்தொற்றும் ஆம்பு பேக்குக்குக் கட்டுப்படுபவை அல்ல.

தான்சானியாவின் ஹெய்டம் மருத்துவமனை அனுபவம் இன்னும் கூர்மையானது. ஒருநாள் பயிற்சிக்குப் பிறகு ஊழியர்கள் பொம்மையில் நன்றாகச் செய்தார்கள். பிரசவ அறையில் மாற்றம் தெரியவில்லை. பின்னர் பணியிடத்திலேயே சிறிது நேரப் பயிற்சியை அடிக்கடி வைத்தபோது, முதல் 24 மணி நேர இறப்பு குறைந்தது. சான்றிதழ் கொடுத்து அனுப்பும் நம்முடைய இரண்டு நாள் முகாம்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

பொம்மை கல்லூரித் திறன் கூடத்தின் கண்ணாடி அலமாரியை விட்டு லேபர் வார்டுக்கு வர வேண்டும். சொல்லித்தரப் பேராசிரியர்தான் வேண்டும் என்பதில்லை. ஆண்டுக்கணக்கில் பிரசவம் பார்த்த ஸ்டாஃப் நர்ஸ் போதும். அவரிடம் கற்பதை மாணவர்கள் குறைவாக நினைக்கக் கூடாது. இரவுப் பணிக்கு வரும் ஹவுஸ் சர்ஜன், குழந்தையைக் கிடத்தும் அதே வார்மர் மேசையில் பொம்மையைக் கிடத்தி, பையில் ஓட்டை இருக்கிறதா, முகமூடி எந்த அளவு என்று பார்த்து, அந்த நர்ஸின் கண்முன்னே பத்து நிமிடம் அமுக்கிப் பழகட்டும். அடுத்த பணிநாளிலும் அப்படியே.