தோம்பு, பீப்பாய், சுட்ட மண்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஏதாவது ஒரு ஒழுங்கைக்குள் போய், அங்கே ஐந்தாம் மாடியில் இருப்பவரிடம் "உங்கட வீடு எங்கை?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் நிற்கிற இடத்தைச் சொல்ல மாட்டார். கொக்குவில் என்பார், உரும்பிராய் என்பார், மயிலிட்டி என்பார். இரண்டு அறை, ஒரு பல்கனி, பல்கனியில் துளசிச் சாடி, மாதம் தவறாமல் மெயின்டனன்ஸ் காசு. முப்பது வருடம் இப்படி இருந்தபிறகும் வீடு என்ற பேச்சு வந்தால் விட்டுவந்த வீடுதான் வாயில் வரும். இந்த நிலையைப் பற்றிக் கவிதைகள் வேண்டிய மட்டும் உண்டு. படமாக, கையால் செய்த பொருளாக ஆக்கியவர்கள் குறைவு. அவர்களில் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் தா. சனாதனன்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிப்பவர் அவர். 2011இல் 'ரேக்கிங் லீவ்ஸ்' பதிப்பகம் வெளியிட்ட 'முற்றுப்பெறாத தோம்பு' என்ற அவருடைய ஆக்கத்தைப் புத்தகம் என்று சொல்வதற்கு எனக்குக் கொஞ்சம் தயக்கம். கையில் எடுத்தால் கச்சேரியில் தூசு படிந்து கிடக்கும் பதிவேட்டுக் கோப்பின் நினைவு வரும். தோம்பு என்பது போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் விரிவாக எழுதிவைத்த காணிப் பதிவேடு. யாருக்கு எவ்வளவு நிலம், அதில் என்ன மரம் நிற்கிறது, எவ்வளவு இறை என்பதெல்லாம் ஆள்பவனின் தேவைக்காக ஆள்பவன் எழுதிய கணக்கு. சனாதனன் அந்த அரசாங்க வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, பேனையைக் காணி இழந்தவர் கையில் கொடுத்துவிட்டார்.

வேலை நடந்த முறைதான் இதில் விசேஷம். வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் எண்பது பேரிடம், விட்டுவந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அவர்கள் கலைஞர்கள் இல்லை. அந்தக் கோணல் கோடுகள் முதல் அடுக்கு. அதையே ஒரு கட்டடக் கலைஞர் அளவு பிடித்து ஒழுங்கான வரைபடமாக்கினார், இது இரண்டாவது. அதே வீட்டை மனதில் வைத்துச் சனாதனன் உலர் பஸ்டலில் தீட்டிய சித்திரம் மூன்றாவது. ஒரு வீடு, மூன்று கை.

இரண்டாவது அடுக்கில் நான் அதிக நேரம் நின்றுவிடுவேன். பார்க்கப் போனால் அதுதான் உணர்ச்சியே இல்லாத பக்கம். சுவருக்கு இரட்டைக் கோடு, கதவுக்குக் கால் வட்டம், படிக்கு அடுக்குக் கோடு. ஆனால் நினைவில் அளவு கிடையாது. குசினி எத்தனை அடி நீளம் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? கிணற்றடிக்கு எத்தனை எட்டு என்றால் கால் சொல்லும், வாய் சொல்லாது. அந்தத் தடுமாற்றத்தை ஸ்கேல் பிடித்து நேராக்கும்போது ஏதோ ஒன்று வெளியே தள்ளப்படுகிறது. தள்ளப்பட்டது என்ன என்று கண் முதல் தாளுக்குத் திரும்பிப் போய்த் தேடுகிறது. மூன்றாவது தாளில் பஸ்டலின் பொடி அந்த இழப்பை வேறு வழியாகத் திருப்பிக் கொண்டுவருகிறது. உலர் பஸ்டல் தாளின் சொரசொரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் நிறத்தூள், அவ்வளவுதான். விரல் பட்டால் கலையும். வீட்டை வரைவதற்கு இதைவிடப் பொருத்தமான ஊடகத்தை அவர் தேடியிருக்க முடியாது.

எங்கள் மாடியில் ஒரு மாமி இருக்கிறார், 95 இடப்பெயர்வில் வலிகாமத்திலிருந்து நடந்து வந்தவர். மேசையில் கிடந்த தோம்பை அவர் புரட்டியபோது நான் பக்கத்தில் இருந்தேன். அழுவார் என்று நினைத்தேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, விதானையார் கணக்குப் பார்க்கிற தோரணையில் பார்த்தார். "தம்பி, இதில கிணத்தடி எங்கை? குசினிக்குப் பின்னால கிணறு இல்லாட்டித் தண்ணி ஆர் சுமக்கிறது?" இன்னொரு தாளில் ஒரு அறையை விரலால் தொட்டு, "இதுதான் சாமியறை. கிழக்கு இந்தப் பக்கம்" என்று முடிவே கட்டிவிட்டார். அவருக்கு அது யாரோ ஒருவரின் துயரம் இல்லை, திருத்தவேண்டிய ஆவணம். கலைவிமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை மாமி இரண்டு கேள்வியில் செய்துவிட்டார் என்றுதான் சொல்வேன். பதிவேட்டு வடிவத்தின் வேலை இதுதானே. வருகிறவரை எல்லாம் கணக்குப் பார்க்க வைக்கிறது. அழுவதா வேண்டாமா என்பதை அவரவர் பார்த்துக்கொள்ளலாம்.

கிறீன் பாத்தில் வருடா வருடம் நடக்கும் 'கலா பொல'வுக்குப் போகிறவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும். 1993இல் தொடங்கிய திறந்தவெளிக் கலைச் சந்தை அது, நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் மரத்தடியில் வரிசையாகச் சாய்த்துவைத்த பலகைகளில் கன்னத்தில் கண்ணீர்த்துளியோடு எத்தனை தாய்மார்! தலையைக் கைகளில் புதைத்த சிமெந்து மனிதர்கள் எத்தனை பேர்! செய்தவரின் துயரம் உண்மையாகவே இருக்கும். அனுபவம் உண்மையாக இருந்துவிட்டால் ஆக்கம் தானாக நன்றாக வந்துவிடும் என்ற நம்பிக்கைதான் சிக்கல். பார்ப்பவர் படவேண்டிய பாட்டைச் சிலையே பட்டு முடித்துவிட்டால் நாம் அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. விலை கேட்டுவிட்டு நகர வேண்டியதுதான்.

சந்திரகுப்த தேனுவரவின் பீப்பாய்களில் அழுகை கிடையாது. 1996 ஜனவரி 31 மத்திய வங்கிக் குண்டுவெடிப்புக்குப் பிறகு கொழும்பில் சந்திக்குச் சந்தி சோதனைச்சாவடி முளைத்தது. தெருவை மறிக்கத் தார்ப் பீப்பாய்களுக்கு இராணுவ உருமறைப்பு நிறம் பூசி நிறுத்தினார்கள். 1997இல் தேனுவர அதே பீப்பாய்களைக் காட்சிக்கூடத்துக்குள் கொண்டுவந்து, அதற்கு 'பரலிசம்' என்று ஒரு இயக்கத்தின் பெயரையும் கிண்டலாகச் சூட்டினார். மொஸ்கோவில் பாரம்பரிய ஓவியப் பயிற்சி பெற்றவர் செய்த வேலை இது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வளர்ந்த எங்களுக்கு அந்தப் பச்சையும் மண்ணிறமும் கலந்த திட்டுகளுக்கு விளக்கவுரை தேவையில்லை. ஒரு கையில் ஐசி, மற்றக் கையில் பொலிஸ் பதிவுத் துண்டு, வாயில் தயாராக வைத்திருக்கும் நாலு சிங்கள வசனம். பீப்பாய்க்கு எந்தப் பக்கம் நின்றோம் என்பதில் அவருக்கும் எங்களுக்கும் வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசத்தை அவர் மறைக்கவும் இல்லை. 83 கலவரத்தை நினைத்து ஒவ்வொரு ஜூலை 23ஆம் திகதியும் கொழும்பில் கண்காட்சி வைக்கிற சிங்களக் கலைஞர் அவர். இத்தனை வருட ஓட்டத்தில் அந்த உருமறைப்புக் கோலம் சில இடங்களில் வெறும் அலங்காரமாகிவிட்டது என்பது என் அபிப்பிராயம். அதைக்கூட அவர் தெரிந்துதான் செய்கிறாரோ என்ற சந்தேகமும் எனக்கு உண்டு, பீப்பாயும் ஒரு கட்டத்தில் நமக்கு வீதியோரப் பூச்சாடி ஆகிவிடவில்லையா?

பிரதீப் சந்திரசிறியின் 'உடைந்த கைகள்' (1997) வேறு ரகம். 88-89 ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் பிடித்துச் செல்லப்பட்டுச் சித்திரவதைக்கு ஆளானவர் அவர். அதை அவர் சொல்லத் தேர்ந்த பொருள் சுட்ட மண். செய்திருப்பது கைகள் மட்டும், உடைந்தவை. முகம் இல்லை, அலறும் வாய் இல்லை.

மண்ணில் கை செய்வது லேசான காரியம் இல்லை. உள்ளங்கை தடித்தது, விரல் மெலிந்தது. விரல் முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளங்கை ஈரமாகவே இருக்கும். இரண்டும் சேருகிற மூட்டில் வெடிப்பு விழும். தடித்த இடத்தை உள்ளே குடைந்து கோறையாக்காமல் சூளையில் வைத்தால் உள்ளே அகப்பட்ட ஈரம் ஆவியாகிப் பொருளைச் சிதறடிக்கும். உடையாத கையைச் செய்யவே இவ்வளவு பாடு. அதற்குப் பிறகு அதை உடைந்ததாகக் காட்ட வேண்டும், அதுவும் கைதவறிப் போட்டு உடைத்தது மாதிரி இல்லாமல். சூடும் காற்றும் சரியாகப் போய்ச் சேராத சுட்ட மண்ணை உடைத்துப் பார்த்தால் வெளியே சிவப்பும் நடுவே கரியுமாக இருக்கும். அந்த நிறத்தை எந்தத் தூரிகையாலும் பூச முடியாது, நெருப்புதான் பூசவேண்டும்.

கொட்டாஞ்சேனைக்காரனுக்கு இந்தக் கைகள் இன்னொரு கையையும் ஞாபகப்படுத்தும். கை நோவு தீர வேண்டும் என்று நேர்ந்து, வெள்ளித் தகட்டில் கை, கால், கண் உருச் செய்வித்துக் கோயிலுக்குக் கொடுப்பது நம் வழக்கம். செட்டியார் தெருவில் தங்கம் பார்க்கப் போன கண்ணுக்கு அந்த வெள்ளி உருக்களும் பழக்கமானவை. அவற்றிலும் முகம் கிடையாது. யாருடைய கை என்பது சாமிக்கும் கொடுத்தவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். சந்திரசிறி இந்த வழக்கத்தை நினைத்துச் செய்தாரா என்பதல்ல என் பேச்சு. உடம்பின் ஒரு துண்டை மட்டும் எடுத்துவைத்தால் முழு ஆளின் வேதனையும் அதற்குள் வந்து நிற்கும் என்பது நம் கோயில் வாசலில் ஏற்கெனவே தெரிந்த சங்கதி.

கிங்ஸ்லி குணதிலக்கவின் எரிந்த புத்தகங்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பழைய தடித்த புத்தகங்களைக் குடைந்து, கருக்கி, அந்தக் குழிகளில் சின்னஞ்சிறு சிப்பாய் உருவங்களை நிறுத்துவார். 1981 மே 31 இரவு தொடங்கி எரிந்த யாழ்ப்பாண நூலகமும் அதன் 97,000 புத்தகங்களும் யாருக்கும் உடனே நினைவுக்கு வரும். மூடிய புத்தகம் லேசில் எரியாது என்பது கையால் செய்து பார்த்தவருக்குத் தெரியும். தாள்கள் இறுகிக் கிடப்பதால் உள்ளே காற்றுப் போகாது. விளிம்பு கருகி நிற்கும், நடுப்பக்கம் எழுத்தோடு தப்பிக்கும். அத்தனையையும் சாம்பலாக்க வேண்டுமென்றால் விட்டுவிடாமல் எரித்திருக்க வேண்டும். கருகிய விளிம்பு ஒன்றே இதைச் சொல்லிவிடுகிறது. அதனால் என் கணக்கில் அந்தச் சிப்பாய்கள் உபரி. அவர்கள் இல்லாமலே புத்தகத்தை ஒருமுறை பார்க்க எனக்கு ஆசை. சிறுவர் நூல்களுக்கு நிறையப் படம் வரைந்தவர் அவர், பொம்மைச் சிப்பாய்களை விட்டுப் பிரிய மனம் வரவில்லை போலும்.

எதை நீக்குவது என்ற இந்தக் கேள்விக்கு ஜெர்மன் சிற்பி கேத்தே கோல்விட்ஸ் பதினெட்டு வருடம் செலவழித்தார். அவருடைய இளைய மகன் பீட்டர் 1914 ஒக்ரோபரில் பெல்ஜியத்துப் போர்முனையில் இறந்தான். நினைவுச் சிற்பத்துக்கு அவர் முதலில் போட்ட திட்டத்தில் மகனின் உடலும் இருந்தது. 1932இல் கல்லில் முடிந்து வந்தபோது மகன் இல்லை. தாயும் தகப்பனும் தனித்தனிப் பீடத்தில் முழங்காலில் நிற்கிறார்கள், ஒருவரை ஒருவர் தொடவில்லை. இன்று பிளாட்ஸ்லோவில் மகன் புதைந்திருக்கும் மயானத்திலேயே அவை நிற்கின்றன. அந்தத் தகப்பன் இரண்டு கைகளாலும் தன்னையே கட்டிக்கொண்டிருப்பதைப் படத்தில் பார்த்தாலே போதும், அவிழ்த்தால் விழுந்துவிடுவார் என்று தெரியும். பெற்ற வயிற்றின் துயரத்துக்கே பதினெட்டு வருடம் காத்திருப்பு வேண்டியிருந்தது. நம்மவர்கள் அடுத்த மாதக் கண்காட்சிக்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட நினைப்பதில்தான் எனக்கு ஆதங்கம்.

இந்த வேலைகளைப் பார்க்க எங்கே போவது? 2019 டிசெம்பரில் கொழும்பில் நவீன, சமகாலக் கலைக்கென ஒரு நூதனசாலை திறந்தது. ஷர்மினி பெரேரா தேர்ந்தமைத்த முதல் கண்காட்சிக்குச் சேரனின் கவிதையொன்றிலிருந்து எடுத்த தலைப்பு. மூன்று மொழியிலும் விளக்கக் குறிப்புகள் வைக்கிறார்கள், அந்த மட்டில் தமிழில் வாசித்துக்கொண்டே சமகாலக் கலை பார்க்கக் கொழும்பில் ஒரு இடம் கிடைத்தது பெரிய காரியம். மற்றக் காட்சிக்கூடங்களில் பெரும்பாலானவை கொள்ளுப்பிட்டியிலும் கறுவாத்தோட்டத்திலும். வெள்ளவத்தைக்காரருக்கு அவை ஒரு பஸ் தூரம்தான், ஆனால் போகிறவர் எத்தனை பேர்? ஐம்பத்தேழாம் ஒழுங்கைத் தமிழ்ச் சங்க மண்டபத்தில் நூல் வெளியீட்டுக்கு நாற்காலி போதாமல் நிற்கிறோம். அதே மண்டபத்துச் சுவரில் சனாதனனின் தாள்களை ஒரு மாதம் மாட்டினால் மாமியைப் போல எத்தனை பேர் கிணற்றடியைத் தேடி வருவார்கள்!

தோம்பைப் பற்றி எனக்கு ஒரு குறையும் உண்டு, கலைஞரிடம் இல்லை, எங்களிடம். அதில் இருப்பவை வடக்கில் விட்டுவந்த வீடுகள். 83 ஜூலையில் எரிந்த வெள்ளவத்தை வீடுகளுக்கும் கொட்டாஞ்சேனை முடுக்குகளுக்கும் எங்கள் பக்கத்திலிருந்து இன்னும் யாரும் தோம்பு எழுதவில்லை. எழுத முற்பட்டாலும் சனாதனனின் முறை அங்கே அப்படியே பொருந்தாது. ஜிந்துப்பிட்டிப் பக்கம் வாடகைக்கு எடுத்த ஒற்றை அறைக்கு நிலப்படம் போட்டால் ஒரு சதுரம்தான் வரும். கிணறு இல்லை, மாமரம் இல்லை, கிழக்குப் பக்கம் இல்லை. தட்டிக்கு அந்தப் பக்கம் சமையல், மேலே ஏணி வைத்து ஏறும் பரண், பொதுக் குழாயடி, எட்டுப் பேர் பாய் விரித்த ஒழுங்கு, எந்தப் பக்கத்துக்காரர் அன்று கதவைத் திறந்து உள்ளே எடுத்தார் என்ற விபரம். இவற்றுக்குக் கோடு போதாது, களிமண்ணோ தகரமோ பலகையோ வேண்டும். உயரத்தைக் காட்டுகிற ஏதாவது ஒன்று வேண்டும், ஏனென்றால் அந்தக் குடும்பங்கள் அகலத்தில் வாழவில்லை, அடுக்கில் வாழ்ந்தன. செய்யக்கூடிய பிள்ளைகள் இப்போது கொட்டாஞ்சேனையிலேயே நுண்கலை படித்துக்கொண்டிருக்கக் கூடும். விபரம் தெரிந்தவர்களுக்கு எழுபது, எண்பது வயதாகிறது.