கடைசியாகத் தொட்ட கை

விபத்து என்றால் கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. ஒரு கணத்தில் எல்லாம் மாறிவிடுகிறது. அந்தக் கணத்துக்கு முன்னால் ஒரு வாழ்க்கை, பின்னால் ஒரு வாழ்க்கை என்று கதையை இரண்டாகப் பிரித்து வைத்துவிடலாம். ரயில் கவிழ்ந்தாலும் சரி, படகு முழுகினாலும் சரி, நாவலாசிரியனுக்கு இந்த வசதி கிடைத்துவிடுகிறது. ஆனால் சில விபத்துக்களைப் பற்றி உண்மை சொல்லவிடாமல் தடுப்பதும் இந்த வசதிதான் என்பது என் அபிப்பிராயம். ஆராய்ச்சிச் சாலைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் இருந்த கதிரியக்கப் பொருள்களால் நேர்ந்த விபத்துக்களைப் பற்றிப் படிக்கப் படிக்க, இந்த அபிப்பிராயம் எனக்கு வலுத்துக்கொண்டே வருகிறது.

இந்த விஷயத்தை எடுத்துக்கொண்ட நாவல்களில் முக்கியமாகச் சொல்ல வேண்டியது, டெக்ஸ்டர் மாஸ்டர்ஸ் என்ற அமெரிக்கர் எழுதி 1955ல் வெளிவந்த 'தி ஆக்ஸிடெண்ட்'. லூயி சாக்ஸ்ல் என்கிற இளம் விஞ்ஞானி ஒரு சோதனையின்போது கதிர்வீச்சுக்கு ஆளாகிறான். அதிலிருந்து அவன் சாகிறவரை உள்ள சில நாட்கள்தான் கதை. கதாநாயகனின் பெயர் கற்பனை, சம்பவம் கற்பனையல்ல. 1946 மே 21ந் தேதி, லாஸ் அலமாஸ் ஆராய்ச்சி நிலையத்தில், லூயி ஸ்லாட்டின் என்ற கனடா நாட்டு விஞ்ஞானிக்கு நேர்ந்தது அது. 6.2 கிலோ எடையுள்ள ஒரு புளூட்டோனிய உருண்டை. அதன்மேல் கவிழ்க்க பெரிலியத்தால் ஆன கிண்ணம் போன்ற ஒரு மூடி. மூடி முழுவதும் மூடிவிடக் கூடாது. இடைவெளிக்காக ஒரு திருப்புளியின் நுனியைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். திருப்புளி நழுவிற்று. நீல ஒளி ஒன்று பளிச்சிட்டது. உடனே மூடியைத் தட்டிவிட்டார். அறையில் இருந்த மற்ற ஏழு பேரும் பிழைத்தார்கள். அவர் ஒன்பதாவது நாள் இறந்தார். வயது முப்பத்தைந்து.

இதைவிடக் கதைக்கு வாகான சம்பவம் வேறு எங்கே கிடைக்கும்? துணிச்சல்காரன், ஒரு கணத்துத் தவறு, தியாகம், மெதுவாக வருகிற சாவு. மாஸ்டர்ஸ் பொறுப்பில்லாத ஆசிரியர் அல்ல. அணுகுண்டு செய்தவர்களின் மனச்சாட்சியைப் பற்றி அக்கறையோடு சிந்தித்திருக்கிறார். அவருடைய நாவலைப் படிக்காமல் தள்ளிவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நாவல் விபத்துக்குப் பிந்திய நாட்களில்தான் தன் வேகத்தையெல்லாம் வைத்திருக்கிறது. எனக்கு முக்கியமாகத் தோன்றுவது முந்திய நாட்கள்.

ஏனென்றால், அதே புளூட்டோனிய உருண்டை ஏற்கெனவே ஓர் உயிரைக் குடித்திருந்தது. சரியாக ஒன்பது மாதங்களுக்கு முன், 1945 ஆகஸ்டு 21ந் தேதி இரவு, ஹாரி டாக்லியன் என்ற இருபத்து நாலு வயது விஞ்ஞானியின் கையிலிருந்து ஒரு கனமான உலோகக் கட்டி அதன்மேல் விழுந்தது. இருபத்தைந்து நாட்கள் கிடந்து அவர் இறந்தார். அதற்குப் பிறகும் ஒன்பது மாதம் கழித்து, கையால், திருப்புளியால், அதே உருண்டையோடு வேலை நடந்துகொண்டிருந்தது. ஸ்லாட்டின் இறந்த பிறகுதான் கையால் செய்வதை நிறுத்தி, தூரத்திலிருந்து இயந்திரத்தின் மூலம் செய்ய ஏற்பாடு செய்தார்கள். அப்படியானால் செய்ய முடியாத காரியமல்ல அது. முதல் சாவுக்குப் பின் ஏன் செய்யவில்லை? உண்மையான கதை அந்த ஒன்பது மாதங்களில் இருக்கிறது. திருப்புளி நழுவியது அதன் கடைசி வாக்கியம்தான்.

இதற்கு நேர் எதிரான ஒரு புஸ்தகத்தையும் சொல்லவேண்டும். அது இலக்கியம் அல்ல. பிரேஸில் தேசத்தில் கோயானியா நகரத்தில் 1987ல் நடந்த விபத்தைப் பற்றி, சர்வதேச அணுசக்தி நிறுவனம் 1988ல் வெளியிட்ட அறிக்கை. அலங்காரம் எதுவுமில்லாத உரைநடை. மனிதர்களுக்குப் பெயர்கூடக் கிடையாது, இனிஷியல்கள் மட்டும்தான். ஆனாலும் பல நாவல்களைவிட இது என்னை அதிகமாகத் தொந்தரவு செய்கிறது. காரணம், இது கதையைச் சரியான இடத்தில் ஆரம்பிக்கிறது.

அந்த ஊரில் ஒரு தனியார் கதிர்வீச்சுச் சிகிச்சை நிலையம் இருந்தது. 1985 முடிவு வாக்கில் அது வேறு இடத்துக்கு மாறிற்று. கோபால்ட் வைத்த இயந்திரத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். சீசியம்-137 வைத்த இயந்திரத்தை விட்டுவிட்டுப் போனார்கள். அநுமதி தந்த அதிகாரிகளுக்கு அதைப் பற்றித் தெரிவிக்கவில்லை. கட்டடத்தில் ஒரு பகுதி இடிக்கப்பட்டுப் பாழாகக் கிடந்தது. 1987 செப்டம்பர் 13ந் தேதி இரண்டு பேர் உள்ளே நுழைந்து, ஈயமும் இரும்பும் விலைபோகும் என்று இயந்திரத்தின் தலைப்பாகத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவன் உள்ளே இருந்த குப்பியை ஒரு திருப்புளியால் குத்தித் திறந்தான். ஆம், மறுபடியும் ஒரு திருப்புளி!

சாமான் ஒரு பழைய இரும்புக் கடைக்கு விலைக்குப் போயிற்று. இருட்டில் அது நீலமாக ஒளி விடுவதைக் கடைக்காரர் பார்த்தார். விலைமதிப்பற்ற வஸ்து, ஒருவேளை தெய்விகமானதோ என்று வீட்டுக்குள் கொண்டுபோனார். உறவினர்களையும் சிநேகிதர்களையும் அழைத்துக் காட்டினார். ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார். தனக்குக் கிடைத்த அபூர்வத்தைத் தனக்கே வைத்துக்கொள்ளாத மனிதர் அவர். ஓர் ஆறு வயதுப் பெண் குழந்தை அந்தப் பொடி பட்ட கையோடு சாப்பிட்டது. வீட்டில் ஒருவர் பின் ஒருவராக நோயில் விழுந்ததைக் கவனித்து, அந்த ஒளிப் பொருள்தான் காரணம் என்று ஊகித்தவள் கடைக்காரரின் மனைவி. மிச்சத்தை ஒரு பையில் போட்டு, பஸ்ஸில் ஏறி, சுகாதார அலுவலகத்தில் கொண்டு சேர்த்தாள். அவள் செய்த காரியத்தால்தான் ஊருக்கே விஷயம் தெரிந்தது. அக்டோபர் 23ந் தேதி அவளும் அந்தக் குழந்தையும் ஒரே நாளில் இறந்தார்கள். கடையில் வேலை பார்த்த இரண்டு வாலிபர்களும் அதே மாதத்தில் இறந்தார்கள். 1,12,000 பேருக்குமேல் பரிசோதித்ததில் 249 பேரிடம் கதிரியக்கம் ஒட்டியிருந்தது. குழந்தையை ஈயப் பெட்டியில் வைத்துப் புதைக்கக் கொண்டுபோனபோது ஊர் ஜனங்கள் மறித்துக் கல்லெறிந்தார்கள்.

இந்தக் கதையை ஒரு சாதாரண எழுத்தாளனிடம் கொடுத்தால் என்ன செய்வான் என்பது எனக்குத் தெரியும். 'அறியாமையின் விலை' என்று தலைப்புக் கொடுப்பான். படிப்பில்லாத ஏழைகள், பளபளப்பில் மயங்கினார்கள், மாண்டார்கள் என்று முடிப்பான். லாஸ் அலமாஸில் திருப்புளி பிடித்தவன் வீரன். கோயானியாவில் திருப்புளி பிடித்தவன் மூடன். இரண்டு கதைகளுக்கும் தோற்றத்தில்தான் வித்தியாசம். இரண்டும் கடைசியாகத் தொட்ட கையைத்தான் பார்க்கின்றன. அதற்கு முன் தொட்டுவிட்டு, துடைத்துக்கொண்டு போன கைகளைப் பார்ப்பதில்லை.

இது எங்கோ தூர தேசத்து விஷயம் என்று நாம் இருந்துவிட முடியாது. டில்லி சர்வகலாசாலையின் ரசாயனப் பகுதியில் 1968ல் வாங்கிய கோபால்ட் இயந்திரம் ஒன்று இருந்தது. 1985க்குப் பிறகு அதை உபயோகிப்பவர் இல்லை. கால் நூற்றாண்டு மூலையில் கிடந்து, 2010 பிப்ரவரியில் ஏலத்தில் பழைய சாமானாக விற்கப்பட்டு, மாயாபுரி இரும்புக் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஏப்ரலில் ஒருவர் இறந்தார். இன்னும் சிலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். கோபால்ட்-60ன் வீரியம் ஏறக்குறைய ஐந்தேகால் வருஷத்துக்கு ஒரு முறை பாதியாகிவிடும். நாற்பத்திரண்டு வருஷத்தில் எட்டுத் தடவை பாதியாகி மிஞ்சியதே ஓர் உயிரைக் கொல்லப் போதுமானதாக இருந்தது. பொருள் தன் கணக்கை ஒழுங்காக வைத்திருந்தது. அதை வைத்திருந்தவர்கள் மறந்துவிட்டார்கள். அங்கேயும் படித்தவர்கள் மறந்ததைப் படிக்காதவர்கள் உடைத்தார்கள்.

கதாசிரியனுக்கு இதெல்லாம் எதற்கு, பாதுகாப்பு விதிகளை எழுத சர்க்கார் இருக்கிறதே என்று கேட்கலாம். விதிகளை எழுதச் சொல்லவில்லை நான். காலத்தை எழுதச் சொல்கிறேன். நாவல் என்கிற உருவத்துக்குக் கைவந்தது காலம் ஒன்றுதானே? பதிவு செய்யாமல் விட்ட ஒரு பத்திரம் மூன்றாவது தலைமுறையில் ஒரு குடும்பத்தைக் கோர்ட்டு வாசலில் நிறுத்துவதை எழுதத் தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். சாவி யாரிடம் என்று தெரியாத ஒரு பூட்டிய அறை வீட்டையே ஆட்டி வைப்பதை எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த வித்தைதான் இங்கேயும் வேண்டியிருக்கிறது. வில்லன் வேண்டியதில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிற நாலு நல்ல மனிதர்கள் போதும்.

அறிக்கையால் முடியாத காரியமும் அதுதான். என்ன நடந்தது, எந்தத் தேதியில் நடந்தது என்று அது சொல்லிவிடும். ஒரு மனிதன் ஓர் இயந்திரத்தை வண்டியில் ஏற்றிவிட்டு, இன்னொன்றை அறையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியது எப்படி என்று அதனால் சொல்ல முடியாது. அவன் கெட்டவனாக இருந்திருக்கவேண்டும் என்பதில்லை. கோயானியாவைப் பற்றிய நாவலை யாராவது எழுதுவதானால், நீல ஒளியில் ஆரம்பிக்க வேண்டாம். சிகிச்சை நிலையம் இடம் மாறின நாளில், அந்த மனிதனிடமிருந்து ஆரம்பிக்கட்டும்.