டிராகுலாவுக்கு நம்ம ஊர்ல பத்திரம் எழுதிக் கொடுத்தது யாரு?

'நான்காம் பிறை' என்று ஒரு படம் 2013-ல் வந்தது, ஞாபகம் இருக்கிறதா? வினயன் மலையாளத்தில் எடுத்த 'டிராகுலா 2012' படத்தின் தமிழ் வடிவம். 3டி வேறு. சுதீர் சுகுமாரன்தான் டிராகுலா. பிரபு, நாசர், மோனல் கஜ்ஜர், ஷ்ரத்தா தாஸ் எல்லாரும் உண்டு. அன்றைக்கே பார்த்தவர்கள் சிரித்துவிட்டு மறந்திருப்பார்கள். நான் இப்போதுதான் பார்த்தேன். கதை தெரிந்தால் படம் கெட்டுப்போகுமே என்று பயப்படாமல் மேலே படிக்கலாம், கெடுவதற்கு அதில் பெரிசாக ஒன்றும் இல்லை.

ராய் என்று ஒருத்தன். புது மனைவியோடு தேனிலவுக்கு ருமேனியாவுக்குப் போகிறான், டிராகுலா கோட்டைக்கு. மாந்திரீகத்தில் ஆர்வம் உள்ள ஆள். அங்கே உட்கார்ந்து டிராகுலாவைக் கூப்பிடுகிறான். டிராகுலா வந்து இவன் உடம்புக்குள் புகுந்து, அப்படியே கேரளத்துக்கு வந்துவிடுகிறது. அப்புறம் பறக்குது, கடிக்குது, பெண்களைத் துரத்துது. கணினியில் செய்த வௌவால்கள் நம் மூக்குக்கு நேரே வருகின்றன. இடைவேளைக்குள்ளேயே எனக்கு அந்த வௌவால்கள் மேல் ஒரு பாசமே வந்துவிட்டது, பாவம், அதுங்க மட்டும்தான் ஓயாமல் உழைத்தன.

இதுமாதிரிப் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருத்தர் "பட்ஜெட் கம்மி பாஸ், அவ்ளோதான் முடியும்" என்பார். இந்தச் சமாதானத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை. டிராகுலா படங்களின் சரித்திரத்தில் நல்லவை என்று நிற்பதில் பாதி, காசில்லாதவர்கள் எடுத்தவைதான்.

1922-ல் முர்னோ எடுத்த 'நோஸ்ஃபெராட்டு'வையே எடுத்துக்கொள்ளுங்கள். நாவலுக்கு உரிமை வாங்கவில்லை. பெயர்களை மாற்றிவிட்டு எடுத்தார்கள். பிராம் ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளாரன்ஸ் வழக்குப் போட்டார், தயாரித்த பிராணா கம்பெனி அந்த ஒரே படத்தோடு திவாலானது, பிரதிகளையெல்லாம் அழிக்கச் சொல்லி 1925-ல் தீர்ப்பு வந்தது. தப்பிப் பிழைத்த பிரதிகளில்தான் இன்றைக்கு நாம் பார்க்கிறோம். இன்னொன்று, வெயில் பட்டால் ரத்தக்காட்டேரி செத்துப்போகும் என்று எல்லாருக்கும் தெரியுமே, அது ஸ்டோக்கர் எழுதியதில்லை. இந்தப் படம் கண்டுபிடித்தது. நாவலில் டிராகுலா பட்டப்பகலில் லண்டன் பிக்காடிலி தெருவில் நடந்து போகிறார், சக்திதான் குறைவு. 

1931-ல் ஹாலிவுட்டில் பேலா லுகோசி பகலில் நடித்த அதே செட்டில், ராத்திரியில் வேறொரு குழு ஸ்பானிஷ் மொழியில் அதே கதையை எடுத்தது. செலவு குறைவு. இன்றைக்கு ரெண்டையும் பார்த்தவர்களில் பலர் ஸ்பானிஷ் படம்தான் மேல் என்கிறார்கள், நானும் அந்தக் கட்சி. 1958-ல் ஹேமர் கம்பெனி கிறிஸ்டோபர் லீயை வைத்து எடுத்ததற்கு ஆன செலவு ஏறத்தாழ 80,000 பவுண்டு. அதில் லீ முதலில் வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் கொஞ்சம் பேசுகிறார், அதற்கப்புறம் படம் முழுக்க ஒரு வார்த்தை கிடையாது. அடுத்து நடித்த 1966 படத்தில் வாயே திறக்கவில்லை. எப்போ வருவார், எந்தக் கதவைத் திறப்பார் என்றே நாம் உட்கார்ந்திருக்கிறோம். ஆளைக் குறைவாகக் காட்டினால் பயம் கூடும், செலவும் மிச்சம். 'நான்காம் பிறை' இதற்கு நேர் எதிர், டிராகுலாவைத் திரையை விட்டு இறக்கவே மாட்டேன் என்கிறது.

அதெல்லாம் வெள்ளைக்காரன் கதை, நம்ம பக்கம் என்ன என்றால், லாகூருக்குப் போக வேண்டும். 1967-ல் அங்கே 'ஜிந்தா லாஷ்' வந்தது. நடமாடும் பிணம் என்று அர்த்தம். க்வாஜா சர்ஃபராஸ் இயக்கம், கறுப்பு வெள்ளை. ரெஹான் என்ற நடிகர் பேராசிரியர் தபானியாக வருகிறார். சாகாமருந்து கண்டுபிடிக்கிறேன் என்று தானே குடித்துச் செத்து, ரத்தம் குடிக்கும் பிணமாக எழுந்துவிடுகிறார். பாகிஸ்தானில் 'வயது வந்தோர்க்கு மட்டும்' சான்று வாங்கிய முதல் படம் என்று சொல்வார்கள். பின்னணி இசையில் பல துண்டுகள் ஹேமர் படத்திலிருந்தே கேட்காமல் எடுத்தவை. நடுவில் நடனம் உண்டு. குதிரை வண்டிக்குப் பதில் கார் துரத்தல்.

சிரிப்பு வருகிறதா? வரும். ஆனால் அந்தப் படம் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறது: சிலுவையைப் பார்த்து நடுங்குகிற ஒரு பிசாசை, சிலுவைக்கு வேலை இல்லாத ஊருக்கு எப்படிக் கொண்டுவருவது? அவர்கள் சாமர்த்தியமாக மதத்தையே கழற்றி வைத்துவிட்டார்கள். சிலுவையும் இல்லை, சாபமும் இல்லை. ஓர் ஆய்வுக்கூடம், ஒரு மனிதனின் அகங்காரம், அவ்வளவுதான். கடவுளுக்குப் போட்டியாக மரணத்தை ஜெயிக்கப் பார்த்தவன் என்று சொன்னால் லாகூர்க்காரருக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. மொழியை மட்டும் மாற்றாமல், பயத்தையே உள்ளூர்ப் பயமாக மாற்றினார்கள். தழுவல் என்றால் இதைத்தான் சொல்வேன்.

ராம்சே சகோதரர்களின் 'பந்த் தர்வாசா' (1990) இன்னொரு வழி பிடித்தது. ராம்சேக்கள் ஏழு பேர். ஒருத்தர் கதை, ஒருத்தர் கேமரா, ஒருத்தர் ஒலி, துளசியும் ஷ்யாமும் இயக்கம் என்று வீட்டுக்குள்ளேயே முடித்துக்கொள்வார்கள். சிக்கனம் என்றால் அது சிக்கனம். இதில் நேவ்லா என்ற ரத்தக்காட்டேரியாக அஜய் அகர்வால். ரூர்க்கியில் சிவில் எஞ்சினியரிங் படித்த மனிதர், உயரத்தாலும் முகவெட்டாலும் பேய் வேடத்துக்கு வந்து சேர்ந்தவர். கதை என்ன? ஜமீன் வீட்டு மருமகளுக்குப் பிள்ளை இல்லை. கரும்பாறை மலையில் இருக்கும் நேவ்லாவிடம் வரம் கேட்டுப் போகிறாள். ஆண் பிறந்தால் உனக்கு, பெண் பிறந்தால் எனக்கு என்று ஒப்பந்தம். பெண்ணே பிறக்கிறது. பாருங்க, கடிக்கிறதுக்கு முன்னாடியே ரத்தம் உறைகிறது. பிள்ளை இல்லாத பெண்ணை வீடு எப்படி நடத்தும், பிறந்தது பெண் என்றால் அதை யாருக்கு விட்டுக்கொடுக்கும் என்பது இந்த நாட்டில் எந்த மூலையிலும் புரியும் பயம். அதற்குப் பிறகு வரும் பாட்டும் சண்டையும் காமெடியும் படு சுமார், படம் நீளம். ஆனாலும் அந்த ஒப்பந்தம் மனசை விட்டுப் போகாது.

ஹரிநாம் சிங்கின் 'ஷைத்தானி டிராகுலா'வை (2006) ஒரு வரியில் கடக்கிறேன்: கடையில் வாங்கின முகமூடியை மாட்டிக்கொண்டு சிலர் பகல் வெளிச்சத்தில் காட்டுக்குள் ஓடுகிறார்கள், அது ராத்திரி என்று நாம் நம்ப வேண்டும். அதைப் பார்த்து ஏமாற வழியே இல்லை, ஏனென்றால் அது எந்த வாக்கும் கொடுக்கவில்லை. 

வினயன் அப்படி இல்லை, அதனால்தான் கோபம் வருகிறது. 'ஆகாச கங்கா' (1999) எடுத்தவர். யட்சிக் கதையை ஒரு பழைய தறவாட்டு வீட்டுக்குள் வைத்து, அந்த வீட்டின் பழைய பாவத்தோடு முடிச்சுப் போட்டவர். அந்த மனிதருக்கு உள்ளூர்ப் பேயை எடுக்கத் தெரியும். அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். மலையாளத் திரைச் சங்கங்களோடு மோதல் ஆகி, பல வருஷம் நடிகர்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் அவரோடு வேலை செய்யத் தயங்கிய காலத்தில்தான் இந்தப் படம் வந்தது. அந்த மறைமுகத் தடை தவறு என்று 2017-ல் இந்தியப் போட்டி ஆணையம் 'அம்மா', 'ஃபெஃப்கா' அமைப்புகளுக்கு அபராதமே போட்டது. ஆக, இருந்ததை வைத்து எடுத்தார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இருந்த காசில் விமானம் ஏறி ருமேனியா போனது யார் கட்டாயம்? 3டி யார் கேட்டது? ஸ்டோக்கரே வாழ்நாளில் ருமேனியா போனதில்லை. புத்தகங்களையும் வரைபடங்களையும் ரயில் நேர அட்டவணைகளையும் பார்த்து எழுதினார்.

படம் கோட்டைவிட்ட இடம் என் பார்வையில் முதல் பத்து நிமிஷம்தான். நாவலில் டிராகுலாவை யாரும் மந்திரம் போட்டுக் கூப்பிடுவதில்லை. அவர் வீடு வாங்குகிறார். ஜொனாதன் ஹார்க்கர் யார்? வீட்டுப் பத்திரத்தோடு வந்த வக்கீல். லண்டன் பக்கத்தில் கார்ஃபாக்ஸ் என்ற பழைய வீட்டை முடித்துக் கொடுக்கத்தான் அந்த மலைக்குப் போகிறான். டிராகுலா மரியாதையாக உபசரித்து, கையெழுத்துப் போட்டு, சொந்த ஊர் மண்ணை 50 பெட்டியில் ஏற்றிக் கப்பலில் அனுப்புகிறார். பிறகு அவரைத் துரத்துகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? வண்டிக்காரர்களிடம் போய் எந்தப் பெட்டி எந்த விலாசத்துக்குப் போனது என்று ரசீது பார்க்கிறார்கள்! 1897-ல் வந்த அந்த நாவலே கடிதம், டைரி, தந்தி, பத்திரிகைத் துணுக்கு என்று காகிதங்களால் ஆனது. முறைப்படி, சட்டப்படி, பணம் கொடுத்து உள்ளே வருகிற அந்நியன். அதுதான் அதன் பயம்.

இதைப் படிக்கும்போது எனக்குத் திருப்புலிவனமும் உத்திரமேரூரும்தான் கண்ணுக்குள் வருகின்றன. சும்மா யோசித்துப் பாருங்க. பூட்டிக் கிடக்கும் ஒரு பழைய ஓட்டுவீடு. வாரிசுகள் சென்னையில். வெளியூர்க்காரர் ஒருத்தர் வக்கீல் மூலம் விலை பேசுகிறார், ஆளை யாரும் நேரில் பார்க்கவில்லை. பவர் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா மாறுதல் எல்லாம் சுத்தம். பத்திர எழுத்தருக்கு மட்டும் ஓர் உறுத்தல், தாய்ப்பத்திரத்தில் நூறு வருஷத்துக்கு முந்தின கையெழுத்தும் இப்போதைய கையெழுத்தும் ஒன்றாக இருக்கிறதே என்று. ராத்திரி ரெண்டு மணிக்கு லாரியில் மண் வந்து இறங்குகிறது. ராத்திரியில் மண் லாரி போனால் இந்தப் பக்கம் எவன் தலையைத் தூக்கிப் பார்க்கிறான்? டிராகுலாவுக்கு இதைவிடப் பாதுகாப்பான ஜில்லா உலகத்தில் கிடைக்காது. கோட்டை வேண்டாம், வௌவால் வேண்டாம். அதுவும் உத்திரமேரூர்! ஊர்ச் சபைக்கு நிற்க வரி கட்டும் கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும் என்று 921-லேயே கல்லில் வெட்டின ஊர். நம்மாள் நிலத்திலும் வீட்டிலும் பாஸ், வயசில்தான் மாட்டுவார்.

ரத்தக்காட்டேரி என்ற சொல்லையும் விட மனமில்லை. ஆங்கிலப் படங்களைத் தமிழில் பேசவைக்கிறவர்கள் 'வேம்பயர்' வந்தால் கண்ணை மூடிக்கொண்டு இந்தச் சொல்லைப் போடுகிறார்கள். காட்டேரி இங்கே சும்மா பேய் இல்லை. வட தமிழ்நாட்டில் காட்டேரியைக் குலதெய்வமாகக் கும்பிடும் குடும்பங்கள் உண்டு. கர்ப்பிணிக்கும் பச்சைப்பிள்ளைக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று படையல் போடுவார்கள். கப்பலேறிப் போன தமிழர்கள் தென்னாப்பிரிக்காவிலும் கயானாவிலும் இன்னும் காட்டேரி அம்மனை விடவில்லை. ரத்தம் கேட்கும், கொடுத்தால் காக்கும். டிராகுலாவிடம் இந்தக் கொடுக்கல் வாங்கல் கிடையாது, அவர் எடுப்பார், அவ்வளவே. உடம்பு மாறுவதும் அப்படித்தான். அங்கே மனிதன் ஓநாய் ஆவது சாபம். இங்கே வண்டு தொடுமுன் பூப்பறிக்க மரமேற வேண்டும் என்று புலிக்கால் கேட்டு வாங்கின வியாக்ரபாதர் வழிபட்டதாகச் சொல்லித்தான் திருப்புலிவனத்துக்கே பெயர் வந்தது. ரத்தம் கேட்கும் தெய்வத்துக்கு வருஷா வருஷம் சேவல் அறுக்கிற ஊரில், முறை தெரியாத ஒரு பசி வந்து குடியேறினால் அந்தக் காட்டேரி என்ன செய்யும்? அதைக் கேட்கிற ஒரு படத்துக்கு நான் முதல் நாளே டிக்கெட் வாங்குவேன். 'நான்காம் பிறை'க்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. யட்சிகளின் கேரளத்துக்கு டிராகுலா வந்து இறங்குகிறது, ஒரு யட்சிகூட எட்டிப் பார்க்கவில்லை.

எதிர்த்திசையில் போக்குவரத்து நடந்திருக்கிறது என்பது கூடுதல் வேடிக்கை. முருங்கை மரத்தில் தலைகீழாகத் தொங்கும் நம் வேதாளக் கதைகளை ரிச்சர்ட் பர்ட்டன் 1870-ல் ஆங்கிலத்தில் போட்டபோது, வேதாளத்துக்கு 'வேம்பயர்' என்றுதான் தலைப்பு வைத்தார். ஸ்டோக்கருக்குப் பர்ட்டனை நேரில் தெரியும். அவர் பேசும்போது பளிச்சென்று தெரிந்த கோரைப்பல்லைப் பற்றிப் பின்னாளில் எழுதியே வைத்திருக்கிறார். நாவலின் கடைசியில் டிராகுலாவின் கழுத்தில் இறங்குவதும் சிலுவையோ மர ஆப்போ இல்லை, ஹார்க்கர் கையில் இருக்கும் குக்ரி, நம்ம கூர்க்கா கத்தி. கூடவே ஓர் அமெரிக்கக் கத்தி நெஞ்சில். இந்தியாவில் எடுத்த எந்த டிராகுலா படத்திலும் அந்தக் குக்ரியை நான் பார்க்கவில்லை.