தண்ணீர் ஏறாத மேடு

பொங்கலூர்ப் பக்கம் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் கரையில், தண்ணீர் ஓடும் திசையிலேயே சைக்கிள் ஓட்டிக்கொண்டு போகிறேன். தண்ணீர் போகிற பக்கம் பள்ளம். இதைச் சொல்ல எந்தக் கருவியும் வேண்டாம். ஆனால் ஹேண்டில்பாரில் மாட்டியிருக்கும் கைப்பேசியில் ‘ஏற்றம்’ என்ற கட்டம் மட்டும் மீட்டர் மீட்டராகக் கூடிக்கொண்டே போகிறது. கரையை விட்டு இறங்கும்போது ஒரு குன்று ஏறி வந்த கணக்கைக் காட்டுகிறது.

இந்த வழிகாட்டிச் செயலியை ஆடிக் காற்று தொடங்கியதில் இருந்து பயன்படுத்தி வருகிறேன். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் ஓடுவது, இலவசம், சிக்னல் இல்லாத இடத்திலும் வழி சொல்லும். அதே வரைபடத்தில் ஓடும் செயலிகள் நிறைய இருக்கின்றன. நான் சொல்லப்போகும் குறை கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பதால் பெயர் தேவையில்லை. பேட்டரி எவ்வளவு தின்னும், திரை எப்படி என்பதெல்லாம் ஊரறிந்த சங்கதி, விட்டுவிடலாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்லது. சோமனூரில் இருந்து சைக்கிளில் கிளம்புகிறவருக்கு வழியை அடைப்பது லாரியும் டெம்போவும்தான். கருமத்தம்பட்டி போனால் சேலம்–கொச்சி நெடுஞ்சாலை. சாமளாபுரம், மங்கலம் வழியாகத் திருப்பூர் போனால் பாவு ஏற்றிய டெம்போ, காடா துணி ஏற்றிய லாரி, பனியன் கம்பெனி வேன். வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லாரும் வைத்திருக்கும் அந்தப் பிரபல வழிகாட்டி, சைக்கிளில் போகிறவரையும் இதே சாலைக்குத்தான் தள்ளும். அதற்குத் தெரிந்ததெல்லாம் நேரம் ஒன்றுதான். இந்தச் செயலியில் சைக்கிளைத் தேர்ந்தெடுத்து, சின்னச் சாலைகளையே விரும்பு என்று அமைத்துவிட்டால் கதை மாறுகிறது. கிளுவை வேலிக்கும் சோளக்காட்டுக்கும் நடுவில் போகும் ஒற்றைத் தார்ச்சாலைகளை ஒன்றோடொன்று கோத்து, ஒரு பெரிய சாலையை ஒரே இடத்தில் மட்டும் குறுக்கே கடக்க வைத்து, சாமளாபுரம் குளத்தங்கரையில் கொண்டுபோய் விடுகிறது. பிறந்ததில் இருந்து இந்தப் பக்கமே சுற்றியவன் நான். எனக்கும் தெரியாத இரண்டு மூன்று தடங்கள் அதில் இருந்தன.

வாய்க்கால் கரைத்தடங்களும் இருக்கின்றன, ஆனால் அரைகுறையாக. கரை இருக்கும், கரை மேல் என்ன தளம் என்பது இருக்காது. அதை நாமே நிரப்பலாம். நின்று, கோட்டைத் தொட்டு, தாரா, கிராவலா, வெறும் மண்ணா என்று தேர்ந்தெடுத்தால் போதும். நான் ‘கிராவல்’ என்று குறித்த ஒரு துண்டு, வரைபடம் புதுப்பிக்கப்பட்ட பிறகு வழித்தேர்விலேயே வந்துவிட்டது. முன்பு அதைத் தவிர்த்துச் சுற்றிப் போகச் சொன்ன செயலி, இப்போது நேராக அதன் மேலேயே விடுகிறது. அடுத்து அந்தப் பக்கம் வருகிற முகம் தெரியாத ஒருவருக்கும் அதே வழி கிடைக்கும். கைப்பேசியில் இத்தனை செயலி வைத்திருக்கிறேன், இப்படி ஒரு மகிழ்ச்சியை வேறெதுவும் தந்ததில்லை.

இனி அந்த ஏற்றக் கணக்கு. இதை நான் விடுவதாக இல்லை.

செயலி உயரத்தை எங்கிருந்து எடுக்கிறது? பெரும்பாலும் 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள் பூமியைச் சுற்றி ரேடாரால் அளந்த தரவில் இருந்துதான், அல்லது அதுபோன்ற வேறொரு செயற்கைக்கோள் அளவீட்டில் இருந்து. நிலத்தை ஏறக்குறைய 30 மீட்டர் சதுரங்களாக வெட்டி, சதுரத்துக்கு ஓர் உயரம். வாய்க்கால் கரைத்தடம் ஒரு ஜீப்பின் அகலம். ஒரே சதுரத்துக்குள் கரை, வாய்க்கால் குழி, அந்தப் பக்கத்துத் தென்னந்தோப்பு எல்லாம் அடங்கிவிடும். ரேடார் அலை தென்னை ஓலையிலேயே பாதி திரும்பிவிடுவதால் தோப்பு வரும் இடமெல்லாம் ‘மேடு’, தோப்பு முடிந்தால் ‘பள்ளம்’. ஒரு சதுரத்தில் ஒரே ஒரு மீட்டர் ஏறி அடுத்ததில் இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். 20 கிலோமீட்டரில் 300 மீட்டருக்கு மேல் ஏற்றம் சேர்ந்துவிடும். பெரிய வாய்க்கால்களில் கிலோமீட்டருக்குச் சில பத்து சென்டிமீட்டர் சரிவுதான் வழக்கம். அதனால்தான் வாய்க்கால் சமமட்டத்தைத் தேடி வளைந்து வளைந்து போகிறது. சைக்கிள்காரருக்கு அதைவிட நல்ல தடம் வேறு கிடையாது. அந்தச் சிறப்பைத்தான் செயலி தலைகீழாகக் காட்டுகிறது.

மலையடிவாரத்தில் இந்தக் குறை தெரியவே தெரியாது. கோவைக்கு மேற்கே மாதம்பட்டி, தொண்டாமுத்தூர், நரசிபுரம் பக்கம் பன்னீர் திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே போய்ப் பாருங்கள். விடுமுறை நாளில் கோவைக் குற்றாலம் போகிற கார்க்கூட்டத்தை ஒதுக்கிவிட்டு, பந்தல் ஓரமாகவே அழகாக வழி சொல்கிறது. ஏற்றமும் ஓரளவு சரியாகவே வருகிறது, அங்கே நிஜ மேடு இருப்பதால். தரை மட்டமாக இருக்கும் இடத்தில்தான் பிழை முழுக் கணக்கையும் விழுங்குகிறது.

ஜி.பி.எஸ். உயரத்தைப் பார்க்கலாமே என்பார்கள். அதற்கும் நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. ஜி.பி.எஸ். அளப்பது கணக்கில் வரைந்த ஒரு முட்டைப் பூமியில் இருந்து. கடல் மட்டம் அதோடு ஒட்டிப் போவதில்லை. இலங்கைக்குத் தெற்கே அது உலகிலேயே அதிகமாகத் தாழ்ந்து கிடக்கிறது. அந்தத் தாழ்வின் விளிம்பில்தான் கொங்கு நாடும் இருக்கிறது. திருத்தம் செய்யாத செயலி நம்மைச் சுமார் 90 மீட்டர் கீழே காட்டும். சரிபார்க்கச் செலவில்லாத வழி உண்டு: ரயில் நிலையத்து மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல் மட்டத்தில் இருந்து உயரம் எழுதியிருக்கும். சோமனூர் நிலையத்தில் அந்தப் பலகையடியில் நின்று கைப்பேசியைப் பார்த்துவிட்டு, பிறகு எதை நம்புவதென்று முடிவு செய்யுங்கள். காற்றழுத்தமானி உள்ள கைப்பேசியானால் அங்கேயே உயரத்தைச் சரிசெய்துகொள்ளலாம். எட்டு மீட்டர் ஏறினால் அழுத்தம் ஒரு மில்லிபார் குறையும். வாய்க்கால் கரைக்கு அந்த அளவீடுதான் நியாயமாக நடந்துகொள்கிறது.

இல்லாத மேட்டை இவ்வளவு அக்கறையாகக் கூட்டும் செயலி, இருக்கிற மேட்டைக் கணக்கில் எடுப்பதே இல்லை. ஆடி, ஆவணியில் இந்தச் சீமையில் மேடு என்றால் காற்றுதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றை நம்பித்தான் பல்லடம், கேத்தனூர், உடுமலை எங்கும் காற்றாலைகள் நிற்கின்றன. 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுகிறவர் எதிரே 25 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால், காற்று தடுக்கும் விசை காற்றில்லாத நாளைப் போல் ஏழு மடங்கு. செயலி போவதற்கும் வருவதற்கும் ஏறக்குறைய ஒரே நேரம் சொல்கிறது. கிழக்கே காற்று தள்ள, மங்கலம் போனதே தெரியாமல் போகிறோம். மேற்கே திரும்பும்போது முழங்கால் கெஞ்சுகிறது. காற்றுத் திசையை வழித்தேர்வில் சேர்ப்பது முடியாத காரியமில்லை. வானிலைத் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. அடுத்த பதிப்பில் புதிய வண்ணம் வேண்டாம், புதிய பதக்கம் வேண்டாம், இதைச் செய்யுங்கள்.

மறுபடி வாய்க்கால் கரைக்கே வருகிறேன். ஃபிரான்ஸில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே 240 கிலோமீட்டர் போகும் கனால் து மிதி என்ற கால்வாய் 1681-இல் வெட்டி முடிக்கப்பட்டது. குதிரைகள் படகிழுத்த கரைத்தடத்தில் இன்று உலகமே வந்து சைக்கிள் ஓட்டுகிறது. அந்த நாடு தன் நிலத்தை லேசரால் அளந்து தரவைத் திறந்து வைத்திருப்பதால், நம்மைப் படுத்தும் பொய் மேடு அங்கே இவ்வளவு இருக்காது. ஆனால் அந்தக் கால்வாய்க்கு நானூறு ஆண்டு முந்தியது நம் காளிங்கராயன் வாய்க்கால். 1283-இல் முடிந்ததாகச் சொல்வார்கள். பவானியில் தொடங்கி கொடுமுடிப் பக்கம் ஆவுடையாபாறை வரை ஏறக்குறைய 90 கிலோமீட்டர். பாம்பு முன்னே போக, அது போன தடத்திலேயே வெட்டியதாகக் கதை. அந்த வளைவுகளை வரைபடத்தில் பெரிதாக்கிப் பாருங்கள், சமமட்டம் தேடிய கண்ணும் காலும் தெரியும். ரேடார் அதற்கும் மேடு காட்டுகிறது!

பி.ஏ.பி. கரையில் ஓட்ட நினைப்பவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். 3.77 லட்சம் ஏக்கரை நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். எந்தக் கிளையில் தண்ணீர் ஓடுகிறது என்று ஊர்க்காரரைக் கேட்டுவிட்டுப் போங்கள். தண்ணீர் ஓடும்போது கான்கிரீட் சரிவில் கால் வைக்கவே கூடாது, பிடிக்க ஒன்றும் இருக்காது. ஜீப்போ டிராக்டரோ வந்தால் இறங்கி நில்லுங்கள், அது அவர்கள் வேலை பார்க்கும் தடம். இதே திட்டத்தின் அட்டகாசமான காண்டூர் கால்வாய் ஆனைமலைக் காட்டுக்குள் போகிறது, அனுமதியில்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஒரு முழுநாள் கிடைத்தால் காளிங்கராயனுக்கே போங்கள். பவானி அணைக்கட்டில் விடியற்காலையில் தொடங்குங்கள். ஈரோட்டை ஒட்டிய பகுதியில் சாயக்கழிவும் தோல்கழிவும் படுத்திய பாட்டைப் பார்க்காமல் போக முடியாது. அதைக் கடந்துவிட்டால் மஞ்சள், வாழை, நெல், கரும்பு. வாய்க்கால் தென்கிழக்கே ஓடுவதால் ஆடிக் காற்று பெரும்பாலும் முதுகில்தான். கொடுமுடியில் இறங்கினால் ரயில் நிலையம் இருக்கிறது, எதிர்க்காற்றில் திரும்ப வேண்டியதில்லை. எல்லா வண்டியிலும் சைக்கிள் ஏற்ற மாட்டார்கள். எதில் ஏற்றலாம், எங்கே பதிய வேண்டும் என்று முந்தின நாளே ஈரோடு நிலையத்தில் விசாரித்துவிடுங்கள்.