பத்தாவது தோட்டா

"கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், ஓர் அங்குலத்துக்குள் போடும்" என்றார் கடைக்காரர். கண்ணைத் திறந்துகொண்டு சுட்டால் என்ன போடும் என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன். ஸ்கோப்பும் சேர்த்து 429 டாலர். .308 வின்செஸ்டர் தோட்டா, 22 அங்குலப் பேரல், கறுப்பு பிளாஸ்டிக் ஸ்டாக், நான்கு தோட்டா கொள்ளும் மேகசின். 4473 படிவத்தை நிரப்பிக் கொடுத்து, பின்னணிச் சோதனைக்குப் பதில் வரும்வரை மீன்தூண்டில்கள் தொங்கும் பகுதியில் உலாத்திக்கொண்டிருந்தேன். டெக்சாஸில் இதற்கென்று தனி உரிமம் கிடையாது. ஆனால் இதைப் படிக்கும் எச்-1பி நண்பர்கள் நேராகக் கடைக்குக் கிளம்பிவிட வேண்டாம். தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் மாதிரி சில விலக்குகள் உண்டு, அதை வக்கீலிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

எந்த நிறுவனத்தின் துப்பாக்கி என்று எழுதப்போவதில்லை. ஒரே ஒரு துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்துவிட்டு ஒரு நிறுவனத்துக்கே மார்க் போடுவது, ஒரு இட்லியைத் தின்றுவிட்டு ஓட்டலை எடைபோடுகிற வேலை. இந்த விலையில் கிடைக்கும் போல்ட்-ஆக்‌ஷன் ரைஃபிள்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போலத்தான் இருக்கின்றன. இவற்றிடம் என்ன எதிர்பார்க்கலாம், அதுவும் மான் வேட்டைக்கு இல்லாமல் காகித இலக்கில் சுடுவதற்கு, என்பதுதான் என் கேள்வி. நான்கு சனிக்கிழமை, 240 தோட்டா, ஒரு வலித்த தோள்.

அந்த ஓர் அங்குலம் எங்கிருந்து வந்தது? ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு பங்குதான் எம்ஓஏ. 100 கெஜத்தில் அது 1.047 அங்குலம். எல்லாரும் வசதிக்கு ஓர் அங்குலம் என்பார்கள். 600 கெஜத்தில் அதுவே ஆறு அங்குலம் சொச்சம். ஆக "ஒரு எம்ஓஏ துப்பாக்கி" என்றால் 100 கெஜத்தில் சுட்ட தோட்டாக்களில் மிகத் தள்ளி விழுந்த இரண்டின் மையங்களுக்கு இடையே ஓர் அங்குலம். எத்தனை தோட்டா சுட்டு, என்பதைத்தான் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

முதல் சனிக்கிழமையை அப்படியே தூக்கிக் குப்பையில் போட்டேன். மணல்மூட்டை மேல் துப்பாக்கியை வைத்து, மூச்சை அடக்கி, ஐந்து சுட்டால் நான்கு அங்குலம். அடுத்த ஐந்தும் நான்கு, ஆனால் வேறு இடத்தில். பக்கத்து மேசையில் ஓய்வுபெற்ற லேத் மெக்கானிக் ஒருவர் பழைய லீ-என்ஃபீல்ட் ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேற்கு வங்கத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த 2ஏ1, 7.62 நேட்டோ தோட்டா. 1962 சீனப் போருக்குப் பிறகு இந்திய ராணுவத்துக்காக வடிவமைத்தது. "உங்கள் ஊர்ச் சரக்கு" என்று உலோகத்தில் பொறித்திருந்த ஆர்.எஃப்.ஐ. முத்திரையைக் காட்டினார். அதுவும் நான்கு அங்குலம்தான் போட்டது. என் புத்தம்புதுத் துப்பாக்கியும் அரை நூற்றாண்டுக்கு முந்தைய ராணுவ உருப்படியும் ஒரே வரிசையில் நிற்பதைப் பார்த்து எனக்கு முகம் தொங்கிவிட்டது.

சுடுவது நின்று, எல்லாரும் போல்ட்டைத் திறந்து மஞ்சள் கொடியைச் செருகி மேசையை விட்டு விலகிய இடைவேளையில், "ஸ்கோப்பை ஆட்டிப் பார்த்தாயா?" என்றார். துப்பாக்கியைத்தான் அப்போது தொடக்கூடாதே. மறுபடி அனுமதி வந்ததும் ஸ்கோப்பைப் பிடித்து அசைத்தேன். பல் ஆடுகிற மாதிரி ஆடியது. கடையில் பொருத்திக் கொடுத்தது. வளையத்துக்கு அடியில் இருக்கும் பட்டையின் நான்கு திருகுகளில் இரண்டு விரலாலேயே சுழன்றன. வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கழற்றி, எண்ணெய் துடைத்து, அளவு காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்கினேன். இந்த வகைத் துப்பாக்கி "சரியாகப் போடவில்லை" என்று யாராவது புலம்பினால் நான் இப்போது கேட்கிற முதல் கேள்வி திருகைப் பற்றியதுதான். பேரலைக் குறைசொல்வது கடைசியில்.

இரண்டாம் வாரம் கோயம்புத்தூர் நண்பரும் கூட வந்தார். இரண்டாயிரம் டாலருக்கு மேல் போட்டு வாங்கிய துப்பாக்கி அவருடையது. என்னுடையதில் மேட்ச் எனப்படும், இலக்குப் போட்டிக்கென்று செய்த 168 கிரெய்ன் தோட்டா போட்டு மூன்று சுட்டேன். அவர் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, "ஏங்க, மூணும் ஒண்ணுமேல ஒண்ணா உக்காந்திருக்குதுங்க! நான் எதுக்குங்க இத்தனை காசு கொடுத்தேன்?" என்றார். வெர்னியரில் 0.62 அங்குலம். கடைக்காரர் பொய் சொல்லவில்லை.

நான் நிறுத்தவில்லை. அதே இலக்கில் இன்னும் ஏழு சுட்டேன். பத்தும் சேர்ந்து 1.46 அங்குலம்.

துப்பாக்கி கெட்டுப்போய்விட்டதா? இல்லை, கணக்கே அப்படித்தான். தோட்டா விழும் இடம் மையத்தைச் சுற்றிச் சிதறுவது இயல்பு. கொஞ்சம் சுட்டால் ஓரத்தில் விழுபவை மாட்டாமல் தப்பிவிடும், நிறையச் சுட்டால் அகப்பட்டுக்கொள்ளும். சிதறல் அளவு மாறாத ஒரே துப்பாக்கி, மூன்று தோட்டாவில் சராசரியாக ஓர் அங்குலம் போட்டால், ஐந்தில் ஒன்றேகாலுக்குப் போகும், பத்தில் ஒன்றரையைத் தாண்டும். அது சராசரிதான். தனித்தனி மூன்று-தோட்டா குரூப்களை எடுத்தால் ஒன்று அரை அங்குலம் இருக்கும், அடுத்தது ஒன்றரை இருக்கும். நல்லதைப் படமெடுத்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு மற்றதற்குக் காற்றைக் காரணம் சொல்வது துப்பாக்கிக்காரர்களின் தேசிய குணம். நிறுவனங்கள் தரும் உத்தரவாதமும் பெரும்பாலும் மூன்று தோட்டாவுக்குத்தான். வெதர்பி வேன்கார்டுக்கு அந்த நிறுவனம் சொல்வது, 100 கெஜத்தில் மூன்று தோட்டா 0.99 அங்குலத்துக்குள். வேட்டைக்கு அது நேர்மையான வாக்குதான். மானுக்கு யாரும் பத்துத் தோட்டா சுடப்போவதில்லை, முதல் தோட்டா சரியாகப் போனால் போதும். இலக்குப் போட்டியில் இருபதாவது தோட்டாவுக்கும் அதே மதிப்பு.

அதனால் மற்ற தோட்டாக்களையும் பத்துப் பத்தாகவே சுட்டேன். 175 கிரெய்ன் மேட்ச் 1.7 அங்குலம். சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும் 150 கிரெய்ன் வேட்டைத் தோட்டா 2.4. மலிவான 147 கிரெய்ன் ராணுவ பாணித் தோட்டா 3.1. ஒரே பேரல், ஒரே ஆள், ஒரே மணல்மூட்டை. தோட்டாவை மாற்றியதும் துப்பாக்கி இரண்டு மடங்கு மோசமாகிறது. 429 டாலர் துப்பாக்கிக்கு மலிவான தோட்டா போதும் என்று நினைப்பவர்கள் இதை இரண்டு தடவை படிக்கலாம். மேட்ச் தோட்டா ஒன்று இரண்டு டாலரைத் தொடுகிறது. இருநூறு சுட்டால் துப்பாக்கியின் விலை போச்சு.

பேரலைப் பற்றி எனக்குப் புகாரே இல்லை. மலிவு ரைஃபிள்களில் உண்மையாகவே மாறிப்போன விஷயம் அதுதான். 1958-ல் வந்த சாவேஜ் 110-ல் நிக்கோலஸ் புரூவர் பேரலை ஒரு நட்டு போட்டு இறுக்கும் முறையைக் கொண்டுவந்தார். தோட்டா உட்காரும் ஆழத்தைக் கைதேர்ந்த ஆள் ராவி ராவிச் சரிசெய்ய வேண்டியதில்லை, அளவுகோலை உள்ளே போட்டு நட்டைத் திருகினால் முடிந்தது. ரூகர் அமெரிக்கன் ஸ்டாக்குக்குள் இரண்டு வி-வடிவ உலோகக் கட்டைகளைப் பதித்து, துப்பாக்கியின் உடல் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்காரும்படி செய்தது. ஆள்கூலியைக் குறைக்கக் கண்டுபிடித்தவை துல்லியத்தையும் சேர்த்தே கொடுத்தன.

மிச்சம்பிடித்த காசு தெரிவது ஸ்டாக்கில். இலக்கு சுடுபவர்கள் ஒரு டாலர் நோட்டை மடித்துப் பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே விட்டு இழுத்துப் பார்ப்பார்கள். பேரல் எங்கும் ஸ்டாக்கைத் தொடாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும் என்பது விதி. மேசைமேல் வைத்து இழுத்தபோது என்னுடையதில் நோட்டு வெண்ணெயில் கத்தி மாதிரி போனது. பிறகு முன்பக்கம் பைபாட் என்ற இருகால் தாங்கியை மாட்டி, சுடும்போது செய்வதுபோல் தோளால் முன்னே அழுத்திக்கொண்டு நண்பரை இழுக்கச் சொன்னேன். நோட்டு முனையிலேயே சிக்கிக்கொண்டது. பிளாஸ்டிக் வளைந்து பேரலின் இடப்பக்கத்தைத் தொடுகிறது. அப்படிச் சுட்ட பத்துத் தோட்டா 2.2 அங்குலம். அழுத்தம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறும், அதற்கேற்ப இலக்கும் மாறும். மருந்து எளிது: உப்புத்தாளை ஒரு கட்டையில் சுற்றி, ஸ்டாக்கின் உள்விளிம்பை அரைமணி நேரம் தேய்த்தேன். இல்லாவிட்டால் பைபாடைக் கழற்றிவிட்டு மணல்மூட்டையே கதி என்று இருக்கலாம்.

விசை அடுத்தது. மீன் எடைபோடும் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துப் பார்த்ததில் இரண்டரைக் கிலோவில் விட்டது. ஸ்கோப் இல்லாமல் துப்பாக்கியின் எடையே மூன்று கிலோ சொச்சம்தான். மூன்று கிலோ பொருளை ஆடாமல் வைத்துக்கொண்டு இரண்டரைக் கிலோ விசையை இழுக்கச் சொன்னால் எது நகரும்? திருகி ஒன்றேமுக்கால் கிலோவுக்கு இறக்கினேன், அதற்குக் கீழே போக மாட்டேன் என்கிறது. வெறும் துப்பாக்கியில் தினமும் ராத்திரி இருபது தடவை இழுத்துப் பழகியதில் விசை மாறவில்லை, நான் மாறினேன்.

ஆனால் திருகாலும் உப்புத்தாளாலும் சரிசெய்ய முடியாத ஒன்று இருக்கிறது, சூடு. இந்தப் பேரல் நுனியில் சுண்டுவிரலைவிடக் கொஞ்சம்தான் தடிமன். நிமிடத்துக்கு ஒன்றாகப் பத்து சுட்டால் ஒன்றரை அங்குலம். அதே பத்தை நான்கு நிமிடத்தில் சுட்டேன். ஆறாவதிலிருந்து துளைகள் வலப்பக்கம் மேலே நடைபோட ஆரம்பித்தன, முடிவில் 2.3. பேரலிலிருந்து எழும் கானல் ஸ்கோப்பின் முன்னால் ஆடி, இலக்கு தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளிந்தது. தொட்டுப் பார்த்து விரலைச் சுட்டுக்கொண்டேன். பிறகு கால்மணி நேரம் போல்ட்டைத் திறந்து போட்டுவிட்டு, தயிர்சாதம் சாப்பிட்டேன். தடித்த பேரலுக்குக் கொடுக்கிற கூடுதல் காசு முதல் மூன்று தோட்டாவைத் துல்லியமாக்குவதற்கு இல்லை, இந்தத் தயிர்சாதத்தைத் தவிர்ப்பதற்கு.

நான்காம் சனிக்கிழமை உள்ளூரில் 600 கெஜ எஃப்-கிளாஸ் போட்டி. கனடாக்காரர் ஜார்ஜ் ஃபார்குஹார்சன் தொடங்கிவைத்த போட்டி வகை, எஃப் என்பது அவர் பெயரின் முதலெழுத்து. ஸ்கோப் வைத்து, பைபாடில் தாங்கி, குப்புறப் படுத்துச் சுடலாம். .223-க்கும் .308-க்கும் என்றே எஃப்-டிஆர் என்று தனிப் பிரிவு இருக்கிறது. அதில் 8.25 கிலோ வரை அனுமதி, பலரும் அந்த எல்லைக்குப் பக்கத்தில் வந்திருந்தார்கள். என்னுடையது நான்கு கிலோ சொச்சம். பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் ஆறு அங்குலம், அதாவது ஒரு எம்ஓஏ. அதற்குள் மூன்று அங்குல எக்ஸ் வளையம். என் துப்பாக்கியின் ஒன்றரை எம்ஓஏவை வைத்து வீட்டிலேயே கணக்குப் போட்டிருந்தேன். காற்றே இல்லாமல், நான் தப்பே செய்யாமல் சுட்டால் இருபது தோட்டாவில் பதினொன்று பத்துப் புள்ளி வளையத்தில் விழும், மீதிக்குப் பெரும்பாலும் ஒன்பது புள்ளி. 200-க்கு 190 வரும்.

வந்தது 179. பத்துப் புள்ளியைத் துப்பாக்கி தின்றது, மிச்சம் பதினொன்றை நானும் காற்றும் பங்குபோட்டுக்கொண்டோம். மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று அந்தத் தூரத்தில் இந்தத் தோட்டாவை இரண்டடிக்கு மேல் தள்ளும். ஒரு மைல் தப்பாகக் கணித்தாலே பத்து ஒன்பதாகிவிடுகிறது. பதினாலாம் தோட்டாவுக்குப் பிறகு உதைக்குப் பயந்து கண் சிமிட்ட ஆரம்பித்ததையும் சொல்லிவிட வேண்டும். இலேசான துப்பாக்கி தோளை அடிக்கிற அடி அப்படி.

என் தீர்ப்பு இதுதான்: இந்த விலைத் துப்பாக்கியிடம், அதற்குப் பிடித்த மேட்ச் தோட்டா போட்டு, ஆற விட்டுச் சுட்டால், பத்துத் தோட்டாவில் ஒன்றரை எம்ஓஏ எதிர்பார்க்கலாம். இரண்டுக்கு மேல் போனால் முதலில் திருகு, பிறகு டாலர் நோட்டு, பிறகு தோட்டா என்று தேட வேண்டும். பத்துத் தோட்டாவில் ஒன்றுக்குள் வேண்டும் என்றால் இது இல்லை, அதற்குத் தனிக் காசு. காகிதத்தில் சுடப் பழக மட்டும்தான் வாங்குகிறீர்கள் என்றால் .308 வேண்டாம். இதே துப்பாக்கி .223-ல், தடித்த பேரலோடு இன்னும் நூறு டாலர் சேர்த்தால் கிடைக்கிறது. தோட்டாச் செலவு குறையும், தோளும் பிழைக்கும்.

போட்டி முடிந்த மறுவாரம் நண்பரைப் பத்துத் தோட்டா சுடச் சொன்னேன். அவர் மூன்று சுட்டார், 0.4 அங்குலம், முகமெல்லாம் பல். மிச்ச ஏழும் போனபின் அளந்தால் 0.97. என்னுடையதில் முக்கால் பங்கு கூட இல்லை, நல்ல துப்பாக்கிதான். அவர்தான் வெர்னியரை வாங்கி இரண்டு தடவை அளந்துவிட்டு, "மூணோட நிறுத்தியிருக்கலாமுங்க" என்றார்.