ஆலம்பால் இல்லாத சடை

சிங்கப்பூரின் பொங்கோலில் நாங்கள் குடியிருக்கும் புளோக்கின் மின்தூக்கிக்கு எதிரே, சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில், அடுத்த வீட்டு இளைஞன் தன் தலைக்குக் கற்பித்த நியாயமே இக்கட்டுரைக்குக் காரணம். தந்தையை இழந்து நாற்பது நாள்கூட ஆகாத அவன், ஏழு மணி நேரம் நாற்காலியில் அசையாமல் அமர்ந்து, குரோஷே ஊசியால் தன் நேரான முடியை அறுபதுக்கு மேற்பட்ட புரிகளாகச் சிக்குப்படுத்திக்கொண்டு வந்திருந்தான். "இது ஃபேஷன் இல்ல அங்கிள், நம்ம சிவன் முடிதான். அப்பா போனப்புறம் நான் வேற ஆளு, அதுக்கு இது சாட்சி" என்றான். லோக்ஸ் பயணம் என்பது அதற்கு அவன் வைத்த பெயர்.

இவ்வழக்கத்தின் நற்குணங்களை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தடையில்லை. சுருண்ட கேசம் வாய்த்த ஆப்பிரிக்க மரபினருக்கு அது தலையின் இயற்கை. 1930களில் ஜமைக்காவில் தோன்றிய ராஸ்தஃபாரி நெறியினர் அதன்பொருட்டுப் போலீசாரின் கத்தரிக்கு இரையானது சரித்திரம். நம் நகரத்திலேயே 1970களில், நீண்ட முடி வைத்த ஆடவர் கடைசியாகவே கவனிக்கப்படுவர் என்று, புருவத்தைத் தொடும் முடி, காதை மூடும் முடி, சட்டைக் காலருக்குக் கீழிறங்கும் முடி எனப் படம் போட்டு அரசாங்க அலுவலகங்களில் ஒட்டியிருந்த சுவரொட்டிகளைக் கண்டு வளர்ந்த என் போன்றோர், ஒருவன் தலை அவனுடையதே என்னும் கொள்கையை எளிதில் விட்டுக்கொடுக்கமாட்டோம். (என் தலையில் இன்று எஞ்சியிருப்பதைக் கண்டு, இதெல்லாம் பொறாமை என்பவர்கள் தாராளமாகச் சொல்லட்டும்.)

என் ஆட்சேபம் ஒன்றுதான், அது நெடுநாளையது. வாழ்க்கை திசை மாறும் வேளையில் முடியின்மேல் கைவைப்பது நம் சம்பிரதாயத்துக்குப் புதிதன்று. ஆனால் கோயிலில் முடி இறக்குவதற்கு நம்மவர் வைத்த பெயர் நேர்த்திக்கடன். கடன் என்றால் செலுத்த வேண்டிய இடம் உண்டு, தீர்க்க வேண்டிய நாளும் உண்டு. துக்கத்துக்கு எடுக்கும் மொட்டையும் அப்படியே. என் தந்தை காலமான பதினாறாம் நாள், புளோக்கின் கீழ்த்தளத்தில் பிளாஸ்டிக் முக்காலியொன்றில் என்னை உட்காரவைத்து, குவளைத் தண்ணீரை உச்சியில் தடவி, நாவிதர் இழுத்த முதற் கீற்றில் என் முடி விரித்திருந்த செய்தித்தாளின்மேல் விழுந்தபோது, அதுவரை அழாதிருந்த நான் அழுதேன். பத்து நிமிஷத்தில் காரியம் முடிந்துவிட்டது. பின்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் அது தானாகவே முளைத்தது. சீப்புக்குப் பிடிபட்ட அன்று, துக்கத்திலிருந்து எழுந்துவிட்டேனென்று எனக்கு எவரும் எடுத்துச்சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சடையும் நம்முடையதுதானே என்பார்கள். வனம் புகுமுன் கங்கைக் கரையில் குகனைக்கொண்டு ஆலம்பால் வரவழைத்து, இராமனும் இலக்குவனும் தங்கள் கேசத்தைச் சடையாக்கிக்கொண்டதை வான்மீகி சொல்கிறார். வாழ்வு தலைகீழான வேளையில் கையாலேயே செய்துகொண்ட சடை அது. இளைஞனின் கட்சிக்கு இதைவிடச் சிறந்த சாட்சி கிடையாது. ஆயினும் அச்சடைக்குத் தந்தையின் வாக்கு என்னும் கடன் இருந்தது, பதினான்கு ஆண்டு என்னும் தவணை இருந்தது, முடிசூடுமுன் நந்திக்கிராமத்தில் கைதேர்ந்த நாவிதரை அழைத்து அதைக் களைந்த நாளும் இருந்தது. ராஸ்தஃபாரியினர் ஆதாரமாகக் காட்டும் நசரேய விரதத்துக்கும், விவிலியத்தின் எண்ணாகமம் ஆறாம் அதிகாரம், நாள் நிறைந்ததும் தலையைச் சிரைத்து அம்மயிரைப் பலித்தீயில் இடுமாறே விதிக்கிறது.

தவணையற்ற சடையும் உண்டு. அதைக் காணக் கதிர்காமத்துக்குப் போகவேண்டும். அங்குள்ள துறவியரை, அவர்களுள் பெண்களைச் சிறப்பாக, ஆராய்ந்து மானுடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1981இல் வெளியிட்ட 'மெடூசாவின் கூந்தல்' என்னும் நூலில், குடும்பத்தில் நேர்ந்த பெருந்துயரங்களையும் தெய்வ ஆவேசத்தையும் தொடர்ந்து அவர்கள் தலையில் சடை திரண்டதையும், அதை அவர்கள் தெய்வத்தின் கொடையாகவே கொண்டதையும் விவரிக்கிறார். அவர்கள் பட்டபின் வந்தது அது. எந்த நாற்காலியிலும் அமர்ந்து பெற்றதன்று.

இன்றைய லோக்ஸோ, இவ்விரண்டு வமிசங்களின் பெருமையையும் உரிமை கொண்டாடிக்கொண்டு, இரண்டின் நிபந்தனைகளையும் கழித்துவிடுகிறது. கொடையென்றால் அது கேளாமல் வந்திருக்க வேண்டும். விரதமென்றால் அதற்கு முடிவு நாள் இருக்க வேண்டும். இங்கே மாறுதல் இன்னும் நிகழவேயில்லை, அதற்குள் அதன் அடையாளம் அறுபது புரிகளாகத் தோளில் தொங்குகிறது. விரதம் தொடங்குமுன்னரே பாரணை செய்வதற்கு வேறென்ன பெயர்? அந்தப் பாரணையும் எளிதன்று. புரிகள் கெட்டிப்பட ஓர் ஆண்டு, சிலருக்கு இரண்டு ஆண்டு ஆகும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒவ்வொரு புரியையும் உள்வரை உலர்த்தாவிட்டால் நாறும். வேரை இறுக்கி முறுக்கினால் நெற்றியோரம் வழுக்கை விழும். இடையில் துக்கம் தணிந்து, மனம் வேறு திக்கில் போயிருக்கலாம். முடி மட்டும் அந்த நாற்பதாம் நாளிலேயே நிற்கும்.

இன்னொன்றையும் அவனுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். மனிதத் தலையிலிருந்து நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு முடி உதிர்வது இயல்பு. சடையில் அவை கீழே விழாமல் புரிக்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கும். ஒரு சாண் முடி ஏறத்தாழ இரண்டு ஆண்டு வளர்ச்சி. ஆகவே தான் வேறு ஆளாகிவிட்டதற்குச் சாட்சியென்று அவன் காட்டியதில் ஏறக்குறைய அத்தனையும் அவன் தந்தை உயிரோடிருந்த காலத்தில் முளைத்ததே. பழையதில் ஓரிழையும் கைவிடாமல் முறுக்கி வைத்துக்கொள்வதைப் புதுப்பிறவி என்று அழைப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். இது கடுமையென்று தோன்றலாம்; தோன்றட்டும்.

தம்பி, சடையை வைத்துக்கொள். தடுப்பதற்கு நான் 1970களின் சுவரொட்டியல்லேன். ஆனால் அதை இறக்கும் நாளை இன்றே நாள்காட்டியில் குறித்துவிடு. அப்பாவின் தலைத்திவசம் நல்ல நாள்.